எத்தனை மணிக்குச் சாப்பிட்டீர்கள்?

சர்க்கரை நோய்க்காக முதன்முறை வருகிறவர்களிடம் ஒரு வாரத்து உணவுக் குறிப்பு எழுதிவரச் சொல்வேன். பெரும்பாலானவர்கள் பொறுப்பாக எழுதிக்கொண்டுதான் வருகிறார்கள். என்ன சாப்பிட்டார்கள் என்று இருக்கும். எவ்வளவு என்றும் இருக்கும். எண்ணெய் எத்தனை கரண்டி என்பதுவரை எழுதியவர்கள் உண்டு. எத்தனை மணிக்கு என்பது மட்டும் இருக்காது. கேட்டால், "அது எப்பவும் போலத்தான் டாக்டர்" என்பார்கள். அந்த 'எப்பவும் போல'வைக் கொஞ்சம் கிளறினால் ஒருநாள் இரவு 8 மணி, மறுநாள் பத்தரை, வார இறுதியில் நள்ளிரவு என்று வரும்.

பலருடைய சிக்கலில் ஒரு பகுதி அங்கேதான் இருக்கிறது. ஒரு பகுதி என்றுதான் சொல்கிறேன். என்ன சாப்பிடுகிறோம், எவ்வளவு சாப்பிடுகிறோம் என்பதையெல்லாம் விட்டுவிட்டு நேரத்தை மட்டும் மாற்றினால் போதும் என்று பேசும் காணொளிகள் ஏராளமாக வருகின்றன. அவற்றோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஆனால் நேரத்தைக் கணக்கிலேயே எடுக்காமல் உணவுப் பட்டியல் கொடுப்பதும் அரைகுறை வைத்தியம்தான்.

உடல் கடிகாரம் என்று சொன்னால் பலர் அதை ஒரு பேச்சு வழக்காக எடுத்துக்கொள்கிறார்கள். அது உண்மையிலேயே உடலுக்குள் இருக்கிறது. மூளையின் அடிப்பகுதியில், ஹைப்போதலாமஸில், இரு கண்களிலிருந்தும் வரும் நரம்புகள் குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே, சுமார் 20,000 நரம்பணுக்கள் சேர்ந்த சிறு கொத்து அது. கண்ணில் விழும் வெளிச்சத்தை வைத்துப் பகல் எது, இரவு எது என்று கணக்கு வைத்துக்கொள்கிறது. இருட்டிலேயே விட்டாலும் ஏறத்தாழ 24 மணி நேரச் சுற்றில் தானாக ஓடும். சில மரபணுக்கள் புரதத்தை உண்டாக்குகின்றன. அந்தப் புரதம் சேரச் சேர, தன்னை உண்டாக்கிய மரபணுவையே அடக்குகிறது. பிறகு புரதம் சிதைந்து மரபணு மறுபடி வேலையைத் தொடங்குகிறது. இந்த ஒரு சுற்றுக்கு ஒரு நாள் ஆகிறது. பழ ஈக்களை வைத்து இதைத் துலக்கிய ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ராஸ்பாஷ், மைக்கேல் யங் மூவருக்கும் 2017ல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது.

இதே மரபணுச் சுற்று கல்லீரல், கணையம், கொழுப்புத் திசு, தசை, குடல் எல்லாவற்றிலும் ஓடுகிறது. மூளையில் இருப்பது வெளிச்சத்தைப் பார்த்துத் தன்னைத் திருத்திக்கொள்ளும். கல்லீரலுக்கு வெளிச்சம் எங்கே தெரியப்போகிறது? அதற்குச் சாப்பாடு வந்தால்தான் பொழுது விடிந்தது. எலி இரவில் உண்ணும் பிராணி. அதற்குப் பகலில் மட்டும் உணவு கொடுத்துப் பார்த்தார்கள். சில நாட்களில் கல்லீரலின் கடிகாரம் தலைகீழாகிவிட்டது, மூளையின் கடிகாரமோ அசையவே இல்லை. ஜெனீவாவிலிருந்து 2000ல் வெளிவந்த ஆய்வு இது. மனிதர்களில் இங்கிலாந்தின் சர்ரே பல்கலைக்கழகம் 2017ல் ஏறக்குறைய இதையே காட்டியது. மூன்று வேளை உணவையும் 5 மணி நேரம் தள்ளிக் கொடுத்தார்கள். மூளைக் கடிகாரத்தைப் பின்பற்றும் மெலடோனின், கார்டிசால் ஆகிய ஹார்மோன்களின் தாளம் மாறவில்லை. ரத்தச் சர்க்கரையின் தாளம் மட்டும் 5 மணி நேரத்துக்கும் மேலாகப் பின்னால் போனது. கொழுப்புத் திசுவின் கடிகாரமும் சுமார் ஒரு மணி நேரம் தள்ளிப்போனது. தலைமை அலுவலகம் கதவைச் சாத்திவிட்டுப் போன பிறகு கிளை அலுவலகத்தில் சரக்கு வந்து இறங்குகிற மாதிரிதான். வேலை நடக்கும், ஆனால் ஒன்றும் ஒழுங்காக நடக்காது.

சரி, இரவில் சாப்பிட்டால் சர்க்கரை ஏன் கூடுதலாக ஏறுகிறது? ஒன்று, கணையத்தின் பீட்டா செல்கள் காலையில் இன்சுலின் சுரக்கிற வேகத்தில் இரவில் சுரப்பதில்லை. இன்னொன்று மெலடோனின். வழக்கமாகத் தூங்கும் நேரத்துக்குச் சுமார் இரண்டு மணி நேரம் முன்பே அது ரத்தத்தில் ஏறத் தொடங்கிவிடும். தூக்கத்தோடு மட்டும் சம்பந்தப்பட்ட ஹார்மோன் என்றே பலரும் நினைக்கிறோம். கணையத்திலும் அதன் செய்தியை வாங்கும் ஏற்பிகள் இருக்கின்றன. அங்கே போய் இன்சுலின் சுரப்பை மட்டுப்படுத்துகிறது. தூங்கும் உடலுக்கு அது பொருத்தமான ஏற்பாடுதான். இரவெல்லாம் உணவு வராது என்ற கணக்கில் உடல் அடங்குகிறது, அந்த நேரம் பார்த்து நாம் ஒரு முழுச் சாப்பாட்டை உள்ளே தள்ளுகிறோம். மெலடோனின் ஏற்பிக்கான எம்டிஎன்ஆர்1பி என்ற மரபணுவில் ஒரு குறிப்பிட்ட மாற்றம் உள்ளவர்களுக்கு இந்தப் பாதிப்பு அதிகம். ஒரே வீட்டில், ஒரே நேரத்தில், ஒரே உணவைச் சாப்பிடும் இருவரில் ஒருவருக்கு மட்டும் சர்க்கரை எகிறுவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

மேற்கையில் ஒட்டிக்கொண்டு சர்க்கரையைத் தொடர்ந்து அளக்கும் சென்சார் வந்தபிறகு எனக்கு இதைப் புரியவைப்பது எளிதாகிவிட்டது. காலை 8 மணிக்குச் சாப்பிட்ட அதே உணவை, அதே அளவில், இன்னொரு நாள் இரவு 10 மணிக்குச் சாப்பிட்டுப் பாருங்கள் என்பேன். இரண்டு வரைபடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பலருக்கும் என் விளக்கமே தேவைப்படுவதில்லை. காலையில் ஏறி இறங்கிவிடும். இரவில் ஏறியது அங்கேயே உட்கார்ந்திருக்கும்.

அடிக்கடி சந்திக்கும் ஒரு புகாரை இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். "ராத்திரி ரொம்பக் கொஞ்சமாத்தான் சாப்பிடுறேன் டாக்டர், இனிப்பு கிட்டயே போறதில்ல, ஆனா காலையில பாஸ்டிங் மட்டும் குறையவே மாட்டேங்குது." இப்படிச் சொல்பவர்கள் பெரும்பாலும் பொய் சொல்வதில்லை. வெறும் வயிற்றுச் சர்க்கரை ஏறுவதற்குப் பல வழிகள் உண்டு. விடியற்காலையில் கார்டிசாலும் வளர்ச்சி ஹார்மோனும் கூடுகின்றன. எழுந்து நடமாட எரிபொருள் வேண்டுமே என்று கல்லீரல் தன் இருப்பிலிருந்து சர்க்கரையை வெளியே விடுகிறது. இது எல்லோருக்கும் நடப்பதுதான். நோய் இல்லாதவருக்கு இன்சுலின் சுரந்து சமாளித்துவிடும், சர்க்கரை நோயாளிக்கு ஏறிய எண் அப்படியே நிற்கும். இன்னொரு வழி, முந்தைய இரவு தாமதமாகச் சாப்பிட்டது. கொழுப்பும் மாவுச்சத்தும் சேர்ந்த கனமான உணவு இரைப்பையை விட்டு இறங்கவே நேரமெடுக்கும். மாலையில் இரைப்பையின் வேகமும் குறைவு. அதனால் நடுச்சாமம் தாண்டியும் சர்க்கரை ரத்தத்தில் வந்து சேர்ந்துகொண்டே இருக்கும்.

இவற்றைப் பிரித்தறிய ஊகம் தேவையில்லை. இரண்டு மூன்று இரவுகள் படுக்கும் முன், அதிகாலை 3 மணி, எழுந்தவுடன் என்று மூன்று முறை பார்த்தால் போதும். படுக்கும்போதே அதிகமாக இருந்து விடியும்வரை அப்படியே நின்றால் இரவு உணவைத்தான் முதலில் சந்தேகிப்பேன். படுக்கும்போதும் 3 மணிக்கும் நன்றாக இருந்து காலையில் மட்டும் ஏறினால் அது விடியற்கால ஹார்மோன்களின் வேலை. 3 மணிக்கு மிகவும் தாழ்ந்திருந்தால் உணவைப் பற்றிய பேச்சையே நிறுத்திவிட்டு, இரவு போடும் மாத்திரையையோ இன்சுலினையோ உடனே திருத்த வேண்டும். இதைப் பார்க்காமல் காலை எண்ணை மட்டும் வைத்து மாத்திரையைக் கூட்டிக்கொண்டே போவது ஆபத்து. அப்படி மாத்திரை ஏற்றப்பட்டு, அதிகாலையில் வியர்த்து நடுங்கி எழுந்து, பயத்தில் எதையாவது சாப்பிட்டு, காலையில் எண் இன்னும் ஏறிப்போய் வருகிறவர்களைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

"பசிக்கிறபோதுதானே சாப்பிடணும், எனக்கு ராத்திரிதான் பசிக்குது" என்பவர்களுக்கும் ஒரு பதில் உண்டு. பசிக்கும் ஒரு தாளம் இருக்கிறது. வெளிச்சம், தூக்கம், உணவு எல்லாவற்றையும் கட்டுப்படுத்திய ஆய்வகத்தில் 2013ல் பார்த்தபோது, உடல் கடிகாரத்தின்படி பசி காலை 8 மணி வாக்கில் மிகக் குறைவாகவும் இரவு 8 மணி வாக்கில் மிக அதிகமாகவும் இருந்தது. இரவெல்லாம் சாப்பிடாமல் இருந்தும் காலையில் பசி மந்தமாக இருப்பது அதனால்தான். ஆக, இரவில் வரும் பசி உணவு தேவை என்பதற்கான உறுதியான அடையாளம் ஆகாது. அதோடு, தாமதமாகச் சாப்பிடுவது பசியை மேலும் தூண்டும். 2022ல் அமெரிக்காவில் நடந்த ஒரு சோதனையில், உடல் பருமன் கூடிய 16 பேருக்கு ஒரே உணவைச் சுமார் 4 மணி நேரம் தள்ளிக் கொடுத்துப் பார்த்தார்கள். பசி கூடியது, போதும் என்று சொல்லும் லெப்டின் குறைந்தது, உடல் செலவழிக்கும் ஆற்றலும் சற்றுக் குறைந்தது.

எடை குறையுமா என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். 16 மணி நேரம் பட்டினி, 8 மணி நேரத்துக்குள் சாப்பாடு என்ற முறை இப்போது வீட்டுக்கு வீடு நடக்கிறது. எலிகளில் அது அற்புதமாக வேலை செய்தது. அமெரிக்காவின் சால்க் ஆய்வகம் 2012ல் வெளியிட்டதில், கொழுப்பு மிகுந்த உணவை 8 மணி நேரத்துக்குள் மட்டும் உண்ட எலிகள், அதே கலோரியை நாள் முழுக்க உண்ட எலிகளைப் போலப் பெருக்கவில்லை. மனிதரில் கதை அவ்வளவு தெளிவாக இல்லை. சீனாவின் குவாங்சோவில் 139 பேரை ஓராண்டு தொடர்ந்து பார்த்து 2022ல் முடிவை வெளியிட்டார்கள். கலோரியைக் குறைத்தவர்களுக்கு எடை குறைந்தது. அதோடு 8 மணி நேரக் கட்டுப்பாட்டையும் சேர்த்தவர்களுக்குக் குறிப்பிடத்தக்க கூடுதல் பலன் இல்லை. ஸ்காட்லாந்தின் அபர்டீனில், அதே ஆண்டு, பெரும்பகுதிக் கலோரியைக் காலையில் கொடுத்தாலும் மாலையில் கொடுத்தாலும் எடை ஒரே அளவுதான் குறைந்தது. ஆனால் காலையில் அதிகம் சாப்பிட்டபோது பசி குறைவாக இருந்தது. நடைமுறையில் எனக்கு முக்கியமாகப் படுவது இந்தக் கடைசித் தகவல். பசி இல்லாவிட்டால்தானே ஒரு கட்டுப்பாட்டை மாதக்கணக்கில் தொடர முடியும்?

சர்க்கரையையும் ரத்த அழுத்தத்தையும் பொறுத்தவரை சான்று இதைவிடத் தெம்பு தருகிறது. 2018ல், சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்த 8 ஆண்களுக்கு 6 மணி நேரத்துக்குள், பிற்பகல் 3 மணிக்கு முன் நாளின் கடைசி உணவை முடிக்கும்படி 5 வாரம் கொடுத்தார்கள். எடை குறையாதபடி பார்த்துக்கொண்டும் இன்சுலின் வேலை செய்யும் திறன் மேம்பட்டது, ரத்த அழுத்தமும் இறங்கியது. சிறிய ஆய்வுதான். அதோடு, 3 மணிக்குள் கடைசிச் சாப்பாடு என்பது ஆய்வகத்துக்குச் சரி, குடும்பத்தோடு இருப்பவருக்கு எந்த ஊரிலும் ஒத்துவராது. மக்கள் செய்வதோ இதற்கு நேர் எதிர். காலை உணவை விட்டுவிட்டு மதியம் 1 மணிக்குத் தொடங்கி இரவு 9 மணிக்கு முடிக்கிறார்கள். எட்டு மணி நேரக் கணக்கு சரியாக வரும், ஆனால் அந்த எட்டு மணி நேரம் கடிகாரத்தின் தவறான பக்கத்தில் விழுகிறது.

நான் கேட்பது குறைவுதான். தூங்குவதற்கு 3 மணி நேரம் முன்பாக இரவு உணவை முடியுங்கள். நெஞ்செரிச்சல், எதுக்களிப்பு உள்ளவர்களுக்கு இது ஒன்றே பெரிய நிம்மதி தரும். வேலை முடிந்து வீடு சேரவே நேரமாகிவிடும் என்றால் இரவு உணவை இரண்டாகப் பிரியுங்கள்: மாவுச்சத்து உள்ள பெரிய பகுதி மாலையில் வேலையிடத்திலேயே, வீட்டுக்கு வந்தபின் காய்கறியும் புரதமும் மட்டும் சிறிதளவு. அப்புறம், படுக்கும் முன் குடிக்கும் சர்க்கரை போட்ட பானமும் சாப்பாடுதான். கல்லீரல் அதைத் தனிக் கணக்கில் வைப்பதில்லை. வார இறுதியில் உணவு நேரம் ஒரு மணி நேரத்துக்கு மேல் நகராமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றும் சொல்வேன். பெரும்பாலும் இதைத்தான் யாரும் கேட்பதில்லை.

இரவுப் பணியில் இருப்பவர்களிடம் இதையெல்லாம் அப்படியே சொல்ல முடியாது. அவர்களுக்கு வேறு வழி வேண்டும். 2021ல் வந்த ஓர் ஆய்வில், செயற்கையாக இரவுப் பணியில் வைக்கப்பட்டவர்களில் இரவில் சாப்பிட்டவர்களுக்குச் சர்க்கரை ஏறியது. அதே பணியைச் செய்து பகலில் மட்டும் சாப்பிட்டவர்களுக்கு ஏறவில்லை. அதனால் பணிக்குக் கிளம்பும் முன் மாலையில் முழுச் சாப்பாடு, நள்ளிரவுக்கும் விடியலுக்கும் இடையே முடிந்தவரை தண்ணீர், தாங்காவிட்டால் மட்டும் கொஞ்சம் புரதம், பணி முடிந்ததும் படுக்கும் முன் லேசான காலை உணவு என்று திட்டம் போடுகிறேன். எல்லோராலும் முடிவதில்லை. உடலுழைப்பு அதிகமான வேலையில் இருப்பவரைப் பட்டினி போடவும் கூடாது.

நேரத்தை மாற்றும் முன் மருந்துச் சீட்டை மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டிய சிலர் உண்டு. இன்சுலின் போடுகிறவர்களும், கிளிமிபிரைடு, கிளைபென்கிளமைடு போன்ற மாத்திரைகளைச் சாப்பிடுகிறவர்களும் மருந்தை அதே நேரத்துக்கு எடுத்துவிட்டு உணவை மட்டும் தள்ளினாலோ விட்டாலோ சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கும். கர்ப்பிணிகள், வளரும் பிள்ளைகள், முன்பு உணவுப் பழக்கக் கோளாறு இருந்தவர்கள் நீண்ட பட்டினியை முயலவே வேண்டாம். எம்பாகிளிஃப்ளோசின், டாபாகிளிஃப்ளோசின் வகை மாத்திரைகளில் இருப்பவர்களுக்குத் தனி எச்சரிக்கை: நீண்ட நேரம் சாப்பிடாமல் இருந்தால் ரத்தத்தில் கீட்டோன் அமிலம் சேரலாம். வாந்தி, வயிற்றுவலி, மூச்சிரைப்பு வந்தால், மீட்டரில் சர்க்கரை ஓரளவு சரியாகக் காட்டினாலும் காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போய், எந்த மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.