2 டாலர் 13 சென்ட்: அமெரிக்கக் குறைந்தபட்சச் சம்பளச் சண்டையில் கைவிடப்பட்ட ஒரு எண்

டெக்சாஸில் சின்னக் கடைகளுக்குச் சம்பளக் கணக்குப் போட்டுக் கொடுப்பது என் தொழில். பெட்ரோல் பங்க், மோட்டல், பலசரக்குக் கடை, இரண்டு மூன்று உணவகங்கள். சில மாதங்களுக்கு முன் தெரிந்த அக்கா ஒருவர் தன் சம்பளச் சீட்டோடு வீட்டுக்கு வந்தார். மதுரைப் பக்கத்துக்காரர், ஓர் உணவகத்தில் பரிமாறுகிறார். "தம்பி, முப்பது மணி நேரம் நின்னுருக்கேன். செக்கைப் பாத்தா அம்பது டாலர்கூட இல்ல. சரியாத்தான் போட்டிருக்காங்களா?" என்றார்.

சீட்டை வாங்கிப் பார்த்தேன். 30 மணி நேரம், மணிக்கு 2 டாலர் 13 சென்ட், ஆக 63.90. அந்த வாரம் விடாத மழை, கூட்டமில்லை. டிப்ஸ் 120 டாலர்தான். டிப்ஸையும் சேர்த்த மொத்தத் தொகைக்கு சோஷியல் செக்யூரிட்டி (ஓய்வூதியம்), மெடிகேர் (முதியோர் மருத்துவம்) பிடித்தம் 14.07. அது போக செக்கில் 49.83. கூட்டல் கழித்தலில் தப்பில்லை. தப்பு, சீட்டில் எழுதாமல் விட்ட ஒரு தொகையில் இருந்தது.

டிப்ஸ் வாங்குகிறவருக்கு முதலாளி மணிக்கு 2.13 கொடுத்தால் போதும் என்று கூட்டாட்சிச் சட்டம் சொல்கிறது. ஆனால் அதோடு டிப்ஸைக் கூட்டினால் மணிக்கு 7.25 வர வேண்டும். வராவிட்டால் குறைவதை முதலாளி தன் கையிலிருந்து போட வேண்டும். இதே சட்டத்தின் மறுபாதி இது. அக்காவுக்கு 30 மணி நேரத்துக்கு 217.50 வந்திருக்க வேண்டும். வந்தது 183.90. குறைவது 33 டாலர் 60 சென்ட். இதைப் பலரும் போடுவதில்லை. சிலர் தெரிந்தே விடுகிறார்கள், சிலருக்கு இப்படி ஒரு விதி இருப்பதே தெரியாது.

சரி, இந்த 2.13 எங்கிருந்து வந்தது? 1991 முதல் மாறாத எண் அது. அப்போது குறைந்தபட்சச் சம்பளம் 4.25, அதில் பாதி 2.13. குறைந்தபட்சம் ஏறினால் இதுவும் கூடவே ஏறும்படிதான் சட்டம் இருந்தது. அந்தக் கயிற்றை அறுத்தது 1996.

அந்த வருடம் நாடாளுமன்றத்தின் இரண்டு அவைகளும் குடியரசுக் கட்சியின் கையில். சம்பள உயர்வு மசோதாவை அவர்கள் விவாதத்துக்கே எடுக்கவில்லை. செனட்டில் ஜனநாயகக் கட்சியின் எட்வர்ட் கென்னடி ஒரு வழி கண்டுபிடித்தார். அவைக்கு எந்த மசோதா வந்தாலும், அது எதைப் பற்றியதாக இருந்தாலும், அதன் வாலில் சம்பள உயர்வைத் திருத்தமாகக் கட்டப் பார்ப்பது. பெரும்பான்மைத் தலைவர் பாப் டோல் அந்த வருடம் ஜனாதிபதி வேட்பாளர். இதில் வாக்கெடுப்பு நடந்தால் சங்கடம் என்று மசோதாக்களை ஒவ்வொன்றாகத் திரும்பப் பெற வேண்டிய நிலை. கடைசியில் சொந்தக் கட்சி மிதவாதிகளே மனம் மாற, ஆகஸ்ட் 20 அன்று ஜனாதிபதி கிளின்டன் கையெழுத்திட்டார். 4.25 இரண்டு படியில் 5.15 ஆனது.

ஆனால் அது சிறு தொழில்களுக்கு வரிச்சலுகை தரும் சட்டத்தோடு சேர்ந்துதான் வந்தது. அதே சட்டத்தில் இன்னொரு பிரிவும் ஏறிக்கொண்டது: டிப்ஸ்காரர்களின் ரொக்கச் சம்பளம் 2.13-லேயே நிற்கும், இனி பாதிக் கணக்கு கிடையாது. முப்பது வருடம் ஆகப் போகிறது. அக்காவின் சீட்டில் நான் பார்த்தது அந்தப் பேரத்தின் மிச்சம். அதற்காகக் கென்னடியைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அந்த உயர்வு வராமலே போயிருந்தால் இன்னும் பல லட்சம் பேருக்கு நஷ்டம். ஆனாலும் எதைக் கொடுத்து எதை வாங்கினார்கள் என்பதைச் சொல்லாமல் வெற்றியை மட்டும் சொன்னால் கதை பாதிதான்.

குறைந்தபட்சச் சம்பளச் சட்டத்துக்குத் தொடக்கம் முதலே, சிலரை வெளியே விடும் அந்தப் பழக்கம் உண்டு. 1938-ல் முதல் சட்டம் மணிக்கு 25 சென்ட் என்று வந்தபோது விவசாயக் கூலிகளும் வீட்டு வேலை செய்பவர்களும் வெளியே நிறுத்தப்பட்டார்கள். தென் மாநிலங்களில் அந்த வேலைகளில் பெரும்பாலும் இருந்தவர்கள் கறுப்பினத்தவர்.

2007-ல் வேறு வண்டி. வெறும் சம்பள மசோதாவாகக் கொண்டுபோனபோது செனட்டில் தேவையான 60 வாக்கு கிடைக்கவில்லை. 54 தான் வந்தது. வரிச்சலுகை சேர்த்தார்கள், பிறகு ஈராக் போர்ச் செலவு மசோதாவில் ஏற்றிவிட்டார்கள். போருக்குப் பணம் தரும் சட்டத்தை புஷ் எத்தனை முறை திருப்பி அனுப்ப முடியும்? முதல் வடிவத்தை, படை விலகலுக்குக் கெடு வைத்ததற்காகத் திருப்பினார். இரண்டாவதில் மே 25 அன்று கையெழுத்துப் போட்டார். 5.15 மூன்று படியில் ஏறி 2009 ஜூலை 24-ல் 7.25 ஆனது. அதோடு நின்றதுதான். இந்தச் சட்டம் பிறந்த நாளிலிருந்து இவ்வளவு காலம் உயராமல் கிடந்ததே இல்லை.

அப்புறம் 2021. இதைத்தான் பலரும் தப்பாக நினைவில் வைத்திருக்கிறார்கள்.

மணிக்கு 15 டாலர் என்ற கோரிக்கை 2012 நவம்பரில் நியூயார்க் துரித உணவுக் கடைத் தொழிலாளர்களின் வேலைநிறுத்தத்தில் தொடங்கியது. 2019-ல் பிரதிநிதிகள் சபை அதை நிறைவேற்றியது, செனட் கண்டுகொள்ளவில்லை. 2021-ல் செனட்டில் இரு தரப்புக்கும் 50-50. சாதாரண மசோதாவை விவாதத்தை முடித்து வாக்கெடுப்புக்குக் கொண்டுவரவே 60 பேர் வேண்டும். அந்த 60 இல்லாமல் போகும் ஒரே பெரிய கதவு, ரீகன்சிலியேஷன் என்கிற பட்ஜெட் வழி. அதற்கு 51 போதும், துணை ஜனாதிபதியின் வாக்கோடு அதை எட்டலாம். ஆனால் அந்தக் கதவில் ஒரு காவல் உண்டு, பர்ட் விதி: அரசின் வரவு செலவைத் தொடாத எதுவும் உள்ளே வரக்கூடாது, தொட்டாலும் அது பெயரளவுக்கு இருந்தால் போதாது.

15 டாலருக்காக வாதாடிய செனட்டர் பெர்னி சாண்டர்ஸ் தரப்பு இதற்குத் தயாராகவே வந்தது. நாடாளுமன்ற பட்ஜெட் அலுவலகம், 15 டாலரால் பத்து வருடத்தில் பற்றாக்குறை 54 பில்லியன் டாலர் கூடும் என்று கணக்குச் சொல்லியிருந்தது. 9 லட்சம் பேர் வறுமையிலிருந்து மீள்வார்கள், 14 லட்சம் வேலைகள் குறையும் என்றும் அதே அறிக்கை சொன்னது. எதிர்த்தரப்பு வேலை இழப்பைப் பிடித்துக்கொண்டது. சாண்டர்ஸோ 54 பில்லியனைப் பிடித்துக்கொண்டார்: இவ்வளவு பெரிய தொகை பட்ஜெட்டைத் தொடவில்லை என்று யார் சொல்ல முடியும்? நல்ல வாதம். ஆனால் பிப்ரவரி 25 அன்று செனட்டின் நடைமுறை அதிகாரி எலிசபெத் மெக்டோனா முடியாது என்று தீர்ப்புச் சொன்னார்.

அவர் சொல்வது ஆலோசனைதான். அவைத் தலைமையில் அமரும் துணை ஜனாதிபதி அதைப் புறந்தள்ளலாம். அப்படிச் செய்யும்படி ரோ கன்னாவும் சென்னையில் பிறந்த பிரமிளா ஜெயபாலும் உள்ளிட்ட இருபதுக்கும் மேற்பட்ட பிரதிநிதிகள் பைடனுக்கும் கமலா ஹாரிஸுக்கும் கடிதம் எழுதினார்கள். வெள்ளை மாளிகை மறுத்தது. குறைவாகக் கொடுக்கும் பெரிய நிறுவனங்களுக்கு வரி போட்டுப் பணிய வைக்கும் மாற்று யோசனையும் சில நாளிலேயே கைவிடப்பட்டது. மார்ச் 5 அன்று சாண்டர்ஸ் எப்படியும் வாக்கெடுப்பைக் கேட்டு வாங்கினார். 42-58. எதிர்த்தவர்களில் எட்டுப் பேர் அவருடைய அணியிலேயே இருந்தவர்கள்.

அதிகாரி கெடுத்தார் என்று இன்றும் பேசுகிறார்கள். எட்டுப் பேரை வைத்துக்கொண்டு எந்தத் தீர்ப்பு வந்திருந்தாலும் மசோதா தேறியிருக்காது. அந்த எட்டுப் பேரில் ஒருவரான செனட்டர் ஜோ மான்சின் 11 டாலருக்கு மேல் வர மாட்டேன் என்று முன்பே சொல்லிவிட்டார். மசோதாவில் 2.13-ஐ ஒழிக்கும் பிரிவும் இருந்தது. உணவகத் தொழில் சங்கம் அதைக் கடுமையாக எதிர்த்தது. ஆனாலும் அந்த வாக்கெடுப்பு வீண் என்று நான் நினைக்கவில்லை. யார் எந்தப் பக்கம் என்பது ஒளிவுமறைவில்லாமல் பதிவானது அன்றுதான்.

சம்பளம் நுழைய முடியாத அதே கதவு வழியாக 2025-ல் டிப்ஸுக்கு வரிவிலக்கு நுழைந்தது. வரி என்றால் பட்ஜெட் விஷயம், காவல் தடுக்காது. வருடத்துக்கு 25,000 டாலர் வரை டிப்ஸுக்கு வருமான வரிக் கழிவு, 2028 வரை. பலர் என்னிடம் வந்து சந்தோஷமாகக் கேட்டார்கள். நான் கணக்கைக் காட்டினேன். 7.25 வீதம் வருடம் முழுக்க, வாரம் 40 மணி நேரம் உழைத்தால் 15,080 டாலர். 2025-க்கு தனி நபரின் நிலைக் கழிவு, அதாவது வருமான வரி போடாமல் விடும் தொகை, 15,750. அதாவது அவருக்கு ஏற்கெனவே வருமான வரி பூஜ்யம். சோஷியல் செக்யூரிட்டி, மெடிகேர் பிடித்தம் அப்படியே தொடரும். நல்ல டிப்ஸ் வரும் பெரிய உணவகத்தில் இருப்பவருக்கு இந்தக் கழிவு உதவும். மழை வாரத்தில் 120 டாலர் எடுத்துப்போன அக்காவுக்கு இதனால் ஒரு சென்ட்கூட இல்லை.

வாஷிங்டனில் அடைபட்டது மாநிலங்களில் திறந்தது. சியாட்டில் நகர மன்றம் 2014-ல் 15 டாலரை ஒருமனதாக ஏற்றது. நகர மன்றம் செய்யாவிட்டால் நேரடியாக மக்கள் வாக்குக்குப் போவோம் என்று, தமிழ்க் குடும்பத்தில் பிறந்த கவுன்சிலர் க்ஷமா சாவந்தின் இயக்கம் கத்தியைக் காட்டிக்கொண்டே இருந்தது. பேச்சுவார்த்தைக் குழுவில் ஜெயபாலும் இருந்தார். 2025-ல் அங்கே 20.76. 2020-ல் ஃபுளோரிடாவில் ட்ரம்ப் வென்ற அதே வாக்குச்சீட்டில் 15 டாலரும் 60 சதவீதத்தைத் தாண்டி வென்றது. கட்சி பார்த்து ஓட்டுப் போடுகிறவர்கள் சம்பளத்துக்கு வேறு மாதிரி போடுகிறார்கள்.

ஆனால் மிச்சிகனைப் பாருங்கள். 2018-ல் சம்பள உயர்வு கேட்டு மக்கள் கையெழுத்தோடு வந்த மனுவை, வாக்கெடுப்புக்குப் போகவிடாமல் சட்டமன்றமே ஏற்றுக்கொண்டது. தேர்தல் முடிந்ததும் அதைத் திருத்தி நீர்த்துப்போகச் செய்தது. மாநில உச்ச நீதிமன்றம் 2024-ல் அது செல்லாது என்றது. டிப்ஸ்காரர்களுக்கும் முழுச் சம்பளம் என்று தீர்ப்பு இருந்தும், 2025 பிப்ரவரியில் சட்டமன்றம் மறுபடி அந்தப் பிரிவைக் குறைத்தது.

டெக்சாஸில் இருக்கும் நமக்கு இந்தச் சின்னக் கதவுகளும் இல்லை. மாநில அளவில் மக்களே சட்டம் கொண்டுவரும் வழி இங்கே கிடையாது. நகரங்கள் தனியார் முதலாளிகளுக்குத் தனிச் சம்பளம் நிர்ணயிப்பதையும் மாநிலச் சட்டம் தடுக்கிறது. மாநிலத் தலைநகர் ஆஸ்டின் அல்லது நாட்டுத் தலைநகர் வாஷிங்டன், இரண்டுதான். அதனால் புது மசோதா வரும்போது நான் தலைப்பில் இருக்கும் எண்ணைக் கடைசியில்தான் பார்ப்பேன். 2025-ல் சாண்டர்ஸ் தரப்பு கொண்டுவந்தது 17 டாலர், 2030-க்குள். எனக்கு முக்கியம், அதன் பிறகு வருடா வருடம் தானாக ஏறுமா என்பது. ஏறாவிட்டால் இன்னொரு 2009-ல் போய் நிற்போம். அடுத்தது, 2.13 என்ன ஆகிறது. வாக்குக் கேட்டு வருகிறவர்களிடம் இந்த இரண்டையும் கேளுங்கள். "நான் சம்பள உயர்வுக்கு ஆதரவு" என்று சொல்வது சுலபம்.

டிப்ஸ் வாங்கும் வேலையில் இருப்பவர்கள் இந்த வாரச் சீட்டை எடுத்து, மணி நேரத்தை 7.25-ஆல் பெருக்கிப் பாருங்கள். உங்கள் மாநிலத்தில் அதைவிட அதிகம் என்றால் அந்த எண். ரொக்கமும் டிப்ஸும் சேர்ந்து அதைத் தொடவில்லை என்றால் பாக்கி உங்களுடையது. கலிஃபோர்னியா, வாஷிங்டன், ஓரிகன், நெவாடா, மினசோட்டா, மொன்டானா, அலாஸ்கா ஆகிய ஏழு மாநிலங்களில் டிப்ஸைக் காட்டிச் சம்பளத்தைக் குறைக்கவே முடியாது. தொழிலாளர் துறையின் ஊதிய நேரப் பிரிவில் புகார் கொடுக்கலாம். குடியேற்ற நிலை அதற்குத் தடையில்லை. இரண்டு வருடப் பாக்கி வரை கேட்கலாம், வேண்டுமென்றே செய்தது என்றால் மூன்று.

அக்கா கணக்கை எழுதி முதலாளியிடம் கொடுத்தார். அவர் கோபப்படவில்லை, கொஞ்ச நேரம் அந்தத் தாளையே பார்த்தாராம். அடுத்த வாரச் செக்கில் 33.60 தனியாக எழுதப்பட்டு வந்தது. அக்கா இப்போது தினமும் இரவு, சமையலறைக் காலண்டரில் அன்றைய டிப்ஸை எழுதி வைக்கிறார்.