போன் கேமராவா, காம்பாக்ட் கேமராவா: எதைப் பார்த்து முடிவெடுப்பது?

கேமரா வாங்கும்போது பலரும் முதலில் கேட்பது மெகாபிக்சல் எத்தனை என்றுதான். அதைவிட முக்கியமானவை சென்சாரின் (வெளிச்சத்தைப் படமாக மாற்றும் சில்லு) பரப்பும் லென்ஸின் எஃப் எண்ணும் (லென்ஸ் திறப்பைக் குறிக்கும் எண்; இது சிறிதானால் வெளிச்சம் கூடும்).

விலை குறைந்த காம்பாக்ட் கேமராக்களில் (லென்ஸைக் கழற்ற முடியாத சிறிய கேமராக்கள்) பெரும்பாலும் இருப்பது 1/2.3 அங்குல வகை சென்சார். 6.17 × 4.55 மி.மீ., அதாவது 28 சதுர மி.மீ. உயர்நிலை போன்கள் பலவற்றின் முதன்மைக் கேமராவிலோ சுமார் 70 சதுர மி.மீ. இருக்கிறது. தனிக் கேமராவாயிற்றே, சென்சார் பெரிதாகத்தான் இருக்கும் என்று நம்பினால் ஏமாற்றம்தான். அத்தகைய போனை மிஞ்ச வேண்டுமானால் 1 அங்குல வகை காம்பாக்ட் தேவை: 13.2 × 8.8 மி.மீ., 116 சதுர மி.மீ. (இதில் எந்தப் பக்கமும் ஓர் அங்குலம் கிடையாது. பழைய வீடியோ கேமராக் குழாய்களின் வெளிவிட்டக் கணக்கு இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.)

அடுத்தது லென்ஸ். ஜூம் காம்பாக்டின் மேல் எஃப் 3.3-6.4 என்பதுபோல இரண்டு எண்கள் இருக்கும். இரண்டாவது, ஜூமை முழுக்க நீட்டும்போது வரும் எண். சென்சாரில் விழும் வெளிச்சம் எஃப் எண்ணின் வர்க்கத்துக்கு எதிர்விகிதத்தில் குறையும். போனின் எஃப் 1.8 உடன் ஒப்பிட்டால் எஃப் 6.4-இல் ஏறக்குறைய பதின்மூன்றில் ஒரு பங்குதான் விழும். பகல் வெயிலில் இது பிரச்சினையே இல்லை. மாலை மங்கினால் கேமரா ஐஎஸ்ஓவை (கிடைத்த வெளிச்சத்தைப் பெருக்கிக் காட்டும் அளவு) ஏற்றும், அல்லது ஷட்டரை மெதுவாக்கும். படம் புள்ளி தட்டும், அல்லது கலங்கும்.

போன் இந்தச் சிக்கலைக் கணக்குப் போட்டுச் சமாளிக்கிறது. ஒரு படத்துக்காக அடுத்தடுத்துப் பல படங்களை எடுத்து, பொருத்தி, சராசரி காண்கிறது. ஒன்பது படங்களைச் சேர்த்தால் தாறுமாறான புள்ளிகள் மூன்றில் ஒரு பங்காகக் குறையும். எதிரே இருப்பது அசையாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான். மங்கிய அறையில் ஓடும் குழந்தையை எடுத்தால் சுவர் பளிச்சென்று வரும்; முகம் மட்டும் மெழுகு பூசியதுபோல் வழவழவென்றிருக்கும். நகர்ந்த இடத்தில் படங்கள் ஒன்றோடொன்று பொருந்தாததால் மென்பொருள் அங்கே ஒன்றிரண்டை மட்டும் வைத்துக்கொண்டு புள்ளிகளைத் தேய்த்துவிடுகிறது. இந்த இடத்தில் காம்பாக்டின் செனான் ஃபிளாஷ் கைகொடுக்கும். சில மீட்டர் தூரம்வரைதான் எட்டும் என்றாலும், சுமார் ஆயிரத்தில் ஒரு விநாடியே மின்னுவதால் அசைவு உறைந்துவிடும். போனின் எல்இடி அந்த வேலையைச் செய்யாது.

தூரத்துப் பறவை, மேடை, விளையாட்டுத் திடல் என்றால் பேச்சே வேண்டாம், லென்ஸே நகர்ந்து பெரிதாக்கும் ஆப்டிகல் ஜூம்தான். டிஜிட்டல் ஜூம் என்பது வெட்டி எடுப்பது மட்டுமே. 12 மெகாபிக்சல் படத்தை 4 மடங்கு ஜூம் செய்தால் மிஞ்சுவது 0.75. போனில் தூரத்தைப் பெரிதாக்கும் தனி டெலி லென்ஸ் இருந்தாலும், வெளிச்சம் குறைந்தால் சில போன்கள் முதன்மைக் கேமராவின் படத்தையே வெட்டிக் காட்டும். ஜூம் செய்துவிட்டு டெலி லென்ஸை விரலால் மூடுங்கள். திரை இருளவில்லையென்றால் நடப்பது அதுதான்.

அசையாத பொருள், ஆவணம், அகலக் காட்சி ஆகியவற்றுக்கு மட்டும் என்றால் காம்பாக்டுக்குச் செலவிட வேண்டாம்.

பழைய காம்பாக்ட் வாங்குவோர் லென்ஸைப் பலமுறை முழுக்க நீட்டி உள்ளிழுத்துப் பாருங்கள். கரகர சத்தம் கேட்டால் மணல் புகுந்திருக்கலாம். பிறகு ஜூமை நீட்டி, எஃப் 8 அல்லது 11 வைத்து வெள்ளைச் சுவரைப் படமெடுங்கள். ஒவ்வொரு படத்திலும் அதே இடத்தில் சாம்பல் புள்ளி விழுந்தால் சென்சாரில் தூசி. லென்ஸைக் கழற்ற முடியாத கேமரா என்பதால், உடலைப் பிரித்தால்தான் அதைத் துடைக்க முடியும்.