ஆண்ட்ராய்டா, ஐபோனா: எந்த அடுக்கில் கை வைக்கிறீர்கள்?

வேலூரில் போன் வாங்கப் போகிறவர்கள் எங்களைப் போல சர்வீஸ் வேலை செய்பவர்களிடம் முதலில் கேட்பது, எந்த போன் நல்ல போன் என்பதுதான். அதற்கு முன் ஒன்றை முடிவு செய்யுங்கள்: உங்கள் போனில் எந்த வேலை ஒரு நாள்கூட நிற்கக் கூடாது? விஐடி மாணவருக்கும், ராணிப்பேட்டை தோல் கம்பெனிக்கு ஷிப்ட் போகிறவருக்கும், சிஎம்சியில் சர்க்கரைக்குப் பார்க்கிற பெரியவருக்கும் பதில் வேறு வேறு.

இஷ்டம்போல மாற்றிக்கொள்ளலாம் என்றுதான் பலரும் ஆண்ட்ராய்டு வாங்குகிறார்கள். அந்த மாற்றத்தில் மூன்று அடுக்கு இருக்கிறது. மேலே இருப்பது லாஞ்சர் (முகப்புத் திரையின் தோற்றத்தை மாற்றும் ஆப்), ஐகான், விட்ஜெட் (திரையிலேயே தகவல் காட்டும் சிறு பெட்டி), கீபோர்ட். இதில் பயமில்லை, பிடிக்காவிட்டால் அந்த ஆப்பை எடுத்துவிட்டால் பழைய திரை திரும்பிவிடும். இந்த அடுக்குக்காக மட்டும் ஐபோனை ஒதுக்கத் தேவையும் இல்லை. விட்ஜெட் 2020இல் ஐபோனின் சாப்ட்வேரான ஐஓஎஸ் 14உடன் முகப்புத் திரைக்கு வந்துவிட்டது. ஐகானை விரும்பிய இடத்தில் வைப்பது 2024இல் ஐஓஎஸ் 18இல் வந்தது. தமிழ்99, அஞ்சல் என்ற இரண்டு தமிழ் கீபோர்டும் ஐபோனிலேயே இருக்கின்றன.

நடு அடுக்கு பேட்டரி செட்டிங். ‘மெசேஜ் எல்லாம் போனைத் திறந்தால்தான் மொத்தமாகக் கொட்டுகிறது’ என்ற புகாருக்குப் பெரும்பாலும் காரணம் இதுதான். திரை அணைந்ததும் பின்னால் ஓடும் ஆப்களை ஆண்ட்ராய்டு அடக்கி வைக்கும். அதற்கு மேல் ஒவ்வொரு கம்பெனியும் தன் பங்குக்கு ஆப்பை நிறுத்துகிறது. போனோடு வரும் கடிகார அலாரம் பொதுவாகத் தப்பிவிடும். மாட்டிக்கொள்வது நீங்கள் தனியாக இறக்கிய மாத்திரை நினைவூட்டலும், கையில் ஒட்டும் சர்க்கரை சென்சாரின் ஆப்பும்தான். இரவில் சர்க்கரை இறங்கும்போது அந்த ஆப் சத்தம் போடாவிட்டால் உயிருக்கே ஆபத்து.

செட்டிங்ஸில் ஆப்ஸ், அந்த ஆப், பேட்டரி என்று போய் ‘அன்ரெஸ்ட்ரிக்டட்’ வையுங்கள். ஷாவ்மி, ஓப்போ, விவோ, ரியல்மி போன்களில் ‘ஆட்டோஸ்டார்ட்’ அல்லது ‘ஆட்டோ லாஞ்ச்’ என்று தனியாக ஒன்று இருக்கும், அதையும் ஆன் செய்ய வேண்டும். சாம்சங்கில் ‘நெவர் ஆட்டோ ஸ்லீப்பிங் ஆப்ஸ்’ பட்டியலில் சேர்க்க வேண்டும். பேட்டரி சேவர், கிளீனர் என்று வரும் ஆப்களைத் தூக்கிவிடுங்கள். பிறகு சார்ஜரில் போடாமல், திரையை அணைத்து ஒரு மணி நேரம் அப்படியே வைத்து, அந்த நேரத்தில் ஒரு நினைவூட்டல் வைத்துப் பாருங்கள். சாப்ட்வேர் அப்டேட் வந்த பிறகு இதே சோதனையை மறுபடி செய்யுங்கள். செட்டிங் பழையபடி மாறியிருக்கக்கூடும். ஐபோனில் இந்தத் தொல்லை குறைவு. ஆனால் அங்கேயும் சென்சார் ஆப்பை மேலே தள்ளி மூடினால் ப்ளூடூத் தொடர்பு நின்றுபோகும்; மூடும் பழக்கத்தை விடச் சொல்லி வீட்டுப் பெரியவர்களிடம் சொல்லிவையுங்கள்.

அடி அடுக்கு பூட்லோடர் அன்லாக், ரூட்: அதாவது வேறு சாப்ட்வேர் ஏற்ற போனின் பூட்டைத் திறப்பதும், சிஸ்டம் முழுவதையும் மாற்றும் அதிகாரத்தை எடுத்துக்கொள்வதும். அன்லாக் செய்த கணமே போனில் உள்ளதெல்லாம் அழியும். கூகுளின் பாதுகாப்புச் சோதனையில் போன் தேறாமல் போக, பல பேங்க் ஆப்கள் திறக்க மறுக்கும். சாம்சங்கில் மாற்று சாப்ட்வேர் ஏற்றி, நாக்ஸ் என்ற அதன் பாதுகாப்பு ஒருமுறை முறிந்தால், ரகசிய ஃபைல்களைப் பூட்டி வைக்கும் செக்யூர் ஃபோல்டர் அந்த போனில் திரும்ப வராது. பழைய சாப்ட்வேரை ஏற்றினாலும் வராது. ஆசை இருந்தால் பழைய போனில் பழகுங்கள். யுபிஐ ஓடுகிற போன் அதற்கல்ல.

வாட்ஸ்ஆப்பில் கல்யாணப் பத்திரிகை என்று வரும் ஏபிகே ஃபைல் (ஆண்ட்ராய்டில் ஆப்பை நிறுவும் ஃபைல்) இன்னொரு வினை. ஆம்பூரில் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணமாகவே இருந்தாலும் பத்திரிகை படமாகவோ பிடிஎஃப் ஆகவோதான் வரும். ஏபிகேவைத் திறந்து எஸ்எம்எஸ் அனுமதி கொடுத்தால் ஓடிபி எல்லாம் திருடனுக்குப் போகும். திறந்துவிட்டால் உடனே ஏரோப்ளேன் மோட் போட்டு, வேறு போனிலிருந்து பேங்க்குக்கும், சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930க்கும் கூப்பிடுங்கள். ஏபிகே ஐபோனில் ஓடாது. வீட்டில் யார் எந்த லிங்க்கைத் தொடுவார்களோ என்ற கவலை இருந்தால், ஐபோன் பக்கம் சாய இதுவே போதுமான காரணம் என்பது எங்கள் கருத்து.

ஐபோனின் உறுதிக்கும் விலை உண்டு. எஸ்டி கார்டு போட முடியாது. ஐகிளவுடில் இலவசம் 5 ஜிபிதான். ஐபோன் 14 வரையான பேட்டரி 500 முழு சார்ஜில் 80 சதவீதத்துக்கு இறங்கும் என்பது ஆப்பிளின் கணக்கு, 15 முதல் அது 1000. சுற்றுப்புற வெப்பம் 35 டிகிரிக்குள் இருக்க வேண்டும் என்கிறது ஆப்பிள். நம் ஊர் அக்னி நட்சத்திரத்தில் 40 தாண்டும். எந்த போனாக இருந்தாலும் பைக் ஹோல்டரில் வெயில் படும்படி மாட்டி, மேப் ஓட்டி, சார்ஜும் போடாதீர்கள்.

செகண்ட் ஹேண்ட் ஐபோன் என்றால் செட்டிங்ஸ், ஜெனரல், அபௌட் போய் ‘அன்நோன் பார்ட்’ (ஒரிஜினல் என்று உறுதியாகாத பாகம்) என்று காட்டுகிறதா பாருங்கள். விற்பவர் தன் ஆப்பிள் கணக்கிலிருந்து உங்கள் கண்ணெதிரே வெளியேற வேண்டும். 2018இன் எக்ஸ்எஸ், எக்ஸ்ஆர் மாடல்களுக்கு ஐஓஎஸ் 26 கிடையாது. மறுபக்கம் பிக்சல் 8, கேலக்ஸி எஸ்24 இரண்டுக்கும் 7 வருட அப்டேட் என்று சொல்லித்தான் விற்கிறார்கள். விலை குறைந்த ஆண்ட்ராய்டில் இந்த வருடக் கணக்கைக் கேட்காமல் காசு கொடுக்காதீர்கள்.

ஆண்ட்ராய்டிலிருந்து ஐபோனுக்கு மாறுகிறவர்கள் கவனிக்க: கூகுள் டிரைவில் இருக்கும் வாட்ஸ்ஆப் பேக்கப்பை ஐபோனில் இறக்க முடியாது. ‘மூவ் டு ஐஓஎஸ்’ ஆப் வழியாகத்தான் கொண்டுபோக வேண்டும். புது ஐபோனை செட்டப் செய்யும்போதே அதைச் செய்துவிடுங்கள். கடையிலேயே செட்டப்பை முடித்துக் கொடுத்துவிட்டால் போனை அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.