பொங்கல் லீவு முடிந்து எத்தனை பேர் திரும்பினார்கள்?

உண்டு உறைவிடப் பள்ளி ஒன்றைப் பார்க்கப் போவதென்றால், முடிந்தவரை ஜனவரி மூன்றாம் வாரத்தில்தான் போவேன். பொங்கல் லீவு முடிந்து பிள்ளைகள் திரும்பும் நேரம் அது. ஆண்டு விழாவுக்குக் கூப்பிட்டால் போவதில்லை. அன்றைக்கு எல்லாப் பள்ளியும் நல்ல பள்ளிதான்.

படிப்பை நிறுத்திய பெண் பிள்ளைகளைத் திரும்பப் பள்ளியில் சேர்ப்பது என் வேலை. அதனால் கஸ்தூரிபா காந்தி பாலிகா வித்யாலயா பள்ளிகளோடு நீண்ட பழக்கம். ஊர்க்காரர்களுக்கு அந்தப் பெயர் வாயில் நுழையாது. கேஜிபிவி என்பார்கள், இல்லையென்றால் 'ஹாஸ்டல் ஸ்கூல்'. பெண்கல்வியில் பின்தங்கிய ஒன்றியங்களுக்காக 2004-இல் மத்திய அரசு தொடங்கிய திட்டம். 75 சதவீத இடம் ஆதிதிராவிடர், பழங்குடி, பிற்படுத்தப்பட்ட, சிறுபான்மைக் குடும்பத்துப் பெண்களுக்கு. மீதி வறுமைக்கோட்டுக்குக் கீழே இருப்பவர்களுக்கு. தங்க இடம், சாப்பாடு, சீருடை, புத்தகம் எதற்கும் காசு கிடையாது. முதலில் ஆறாவது முதல் எட்டாவது வரைதான் இருந்தது. 2018-இல் சமக்ர சிக்ஷா என்ற மத்திய அரசின் ஒருங்கிணைந்த பள்ளிக்கல்வித் திட்டம் வந்தபோது பன்னிரண்டாவது வரை நீட்டிக்க வழி செய்தார்கள். ஆனால் எல்லா இடத்திலும் நீட்டிக்கவில்லை. சில பள்ளி எட்டோடு நிற்கிறது, சில பள்ளி பத்து வரை போகிறது, சில இடங்களில் விடுதி மட்டும் நடக்கிறது. பிள்ளைகள் பக்கத்து அரசுப் பள்ளிக்கு நடந்துபோய்ப் படிக்கிறார்கள்.

இந்த மாதிரிப் பள்ளி நல்லதா இல்லையா என்று எப்படிச் சொல்வது? உதவி செய்ய வருபவர்களும், பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கும் பெற்றோர்களும் முதலில் கேட்பது பத்தாம் வகுப்புத் தேர்ச்சி சதவீதத்தைத்தான். நானும் சில வருடம் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஒரு பள்ளி வாசலில் 100 சதவீதம் என்று பெரிய பிளக்ஸ். 19 பேர் எழுதி 19 பேரும் பாஸ். சந்தோஷமாகத்தான் உள்ளே போனேன். சும்மா இருக்காமல் இரண்டு வருடம் முந்தைய எட்டாம் வகுப்பு வருகைப் பதிவேட்டை எடுத்துப் பார்த்தேன். 34 பெயர். மீதி 15 பேர் எங்கே? "டிசி வாங்கிட்டுப் போயிட்டாங்க மேடம்" என்றார் தலைமை ஆசிரியர். சரி, டிசி வாங்கி எங்கே போனார்கள்?

இதற்கு எமிஸில், அதாவது பள்ளிக்கல்வித் துறை மாணவர் விவரங்களை வைத்திருக்கும் இணையப் பதிவேட்டில், பதில் இருக்கிறது. ஒரு பிள்ளைக்கு டிசி கொடுத்தவுடன் அதன் எமிஸ் எண் 'காமன் பூல்' என்கிற பொதுத் தொகுப்புக்குப் போய்விடும். வேறு பள்ளி சேர்த்துக்கொண்டால் அங்கிருந்து எடுத்துக்கொள்ளும். யாரும் எடுக்கவில்லையென்றால் பெயர் அங்கேயே கிடக்கும். அந்த 15 பேரில் ஆறு பேரை வேறு பள்ளிகள் எடுத்திருந்தன. ஒன்பது பேர் அப்படியே கிடந்தார்கள். ஒன்பதாம் வகுப்பில் தட்டுத்தடுமாறிய பிள்ளைகளை, பொதுத்தேர்வு எழுதுவோர் பட்டியலான நாமினல் ரோலுக்குப் பெயர் போகும் முன்பே பக்குவமாக வெளியே அனுப்பியிருக்கிறார்கள்.

அந்தத் தலைமை ஆசிரியரைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். மாதாமாதம் ஆய்வுக் கூட்டத்தில் எழுப்பி நிற்கவைத்து சதவீதத்தையே கேட்டால் யாரும் வகுத்தலில் கீழே இருக்கும் எண்ணைத்தான் குறைப்பார்கள். பெயரை விடாமல் வைத்திருந்தாலும் வேறு விதமாகச் சிக்கல் வெளியே வரும். 2023 மார்ச்சில் பிளஸ் டூ மொழித்தாள் அன்று 50 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் தேர்வுக்கு வரவில்லை என்று செய்தி வந்து சட்டமன்றம் வரை பேசப்பட்டது நினைவிருக்கும். பள்ளிக்கு வருவதை எப்போதோ நிறுத்திய பலரின் பெயர் பட்டியலில் மட்டும் இருந்தது. அன்றைக்கு அது பெரிய அவமானம் போல ஆயிற்று. எனக்கென்னவோ அந்த எண் வெளியே தெரிந்ததே நல்லது என்றுதான் பட்டது.

அதே மாவட்டத்தில் இன்னொரு பள்ளி. தேர்ச்சி 71 சதவீதம். தலைமை ஆசிரியை என்னைப் பார்த்ததும் மன்னிப்புக் கேட்பது போலப் பேச ஆரம்பித்தார். கணக்குப் போட்டோம். எட்டில் 31 பேர். பத்தில் பரீட்சை எழுதியவர்கள் 28. அதில் 20 பேர் பாஸ். தவறிய எட்டுப் பேரையும் வீட்டுக்கு அனுப்பாமல் விடுதியிலேயே வைத்துப் படிக்கவைத்து, துணைத் தேர்வில் ஐந்து பேர் தேறியிருந்தார்கள். ஆக 31-க்கு 25. பிளக்ஸ் வைத்த பள்ளியில் 34-க்கு 19. எந்தப் பள்ளியில் என் அக்கா மகளைச் சேர்ப்பேன் என்று யோசிக்கவே வேண்டியதில்லை. இத்தனைக்கும் இந்தப் பள்ளியின் 31 பேரில் நான்கு பேர் செங்கல் சூளையிலிருந்து வந்தவர்கள். எட்டாம் வகுப்பில் சேர்ந்தபோது எழுத்துக்கூட்டித்தான் படிப்பார்கள்.

இந்தக் கணக்கைப் போட அதிகாரியாக இருக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு பள்ளிக்கும் யூடைஸ் எண் என்ற 11 இலக்க அடையாள எண் உண்டு. அதைக் கொண்டு இணையத்தில் தேடினால் வகுப்புவாரியாக எத்தனை பிள்ளைகள், எத்தனை ஆசிரியர்கள் என்று பார்க்கலாம். எட்டாம் வகுப்பு எண்ணையும் இரண்டு வருடம் கழித்து வரும் பத்தாம் வகுப்பு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். பள்ளி எட்டோடு முடிகிறது என்றால், போன வருடம் எட்டு முடித்தவர்கள் இப்போது எந்தப் பள்ளியில் ஒன்பது படிக்கிறார்கள் என்று பெயர் பெயராகக் கேளுங்கள். நல்ல பள்ளியில் வார்டன் பதிவேட்டைத் திறக்காமலே சொல்லுவார்.

நேரில் போனால் நான் முதலில் போகும் இடம் சமையலறை. வருகைப் பதிவேடு என்ன வேண்டுமானாலும் சொல்லும். "ராத்திரிக்கு எத்தனை பேருக்கு அக்கா அரிசி போடுறீங்க?" என்று சமையல் அக்காவிடம் கேட்டால் சரியான எண் வந்துவிடும். ஒரு முறை பதிவேட்டில் 88, அரிசி 60 பேருக்கு. அந்த அக்காவுக்கு நான் எதற்குக் கேட்கிறேன் என்றே தெரியாது.

அப்புறம் கழிப்பறை. உள்தாழ்ப்பாள் இருக்கிறதா, காலை ஐந்து மணிக்குத் தண்ணீர் வருகிறதா, நாப்கினை எங்கே போடுகிறார்கள் என்று பார்ப்பேன். பதினான்கு வயதுப் பெண் லீவுக்குப் போய்த் திரும்பாததற்கு இந்தத் தாழ்ப்பாள்கூடக் காரணமாக இருந்ததைப் பார்த்திருக்கிறேன்.

வகுப்பறையில் நோட்டைப் புரட்டுவேன். முத்து முத்தான கையெழுத்தைக் கண்டு ஏமாறக் கூடாது, பாதி நேரம் அது கரும்பலகையைப் பார்த்து எழுதியது. சிவப்பு மையில் டிக் மட்டும் இருக்கிறதா, ஆசிரியர் ஏதாவது திருத்தி எழுதியிருக்கிறாரா என்பதுதான் எனக்கு முக்கியம். பிறகு ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்து நேற்று என்ன நடந்தது என்று ஐந்து வரி எழுதச் சொல்வேன். கணக்கு ஆசிரியர் ஜூனிலிருந்து இதுவரை எத்தனை பேர் மாறினார்கள் என்றும் கேட்பேன். தொகுப்பூதியத்தில் இருப்பவர்கள் கொஞ்சம் நல்ல வேலை கிடைத்தால் போய்விடுகிறார்கள். அதில் அவர்களைக் குறை சொல்ல முடியாது.

இதெல்லாம் எப்போது போனாலும் பார்க்கலாம். ஜனவரியில் மட்டும் தெரிவது ஒன்று உண்டு. தையில் கல்யாணப் பேச்சு எடுப்பார்கள். பொங்கலுக்குப் போன பிள்ளை ஒரு வாரம் வரவில்லையென்றால் பள்ளி என்ன செய்கிறது? சில பள்ளிகளில் 'நீண்ட விடுப்பு' என்று எழுதி வைத்துவிடுவார்கள். ஒரு வார்டனிடம் மட்டும் நாற்பது பக்க நோட்டு ஒன்றைப் பார்த்தேன். வராத பிள்ளையின் பெயர், அப்பா செல் நம்பர், அது எடுக்காவிட்டால் பக்கத்து மளிகைக் கடை நம்பர், எந்த பஸ்ஸில் போனால் அந்த ஊர், எந்தத் தேதி போய்ப் பார்த்தார், எல்லாம் இருந்தது. ஒரு பெயருக்கு எதிரே, குழந்தைகள் உதவி எண்ணைக் குறிப்பிட்டு, '1098-க்குச் சொல்லியாச்சு' என்றும், அதன் கீழே வேறு மையில் 'பிப். 2 வந்துவிட்டாள்' என்றும் எழுதியிருந்தது.

போன ஜூனில் அந்தப் பள்ளிக்கு ஒரு பாட்டி பேத்தியைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். நான் கணக்கெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதெல்லாம் சரிம்மா, ராத்திரி பிள்ளை அழுதா யாரு எந்திரிச்சு வருவா?" என்றார். என் படிவத்தில் அதற்குக் கட்டமே இல்லை. வார்டனைக் கை காட்டினேன். பாட்டி பேத்தியையும் இழுத்துக்கொண்டு அவரிடமே கேட்கப் போய்விட்டார்.