தொழிலிடத் தரகு: இண்டஸ்ட்ரியல் ரியல் எஸ்டேட் புரோக்கரேஜுக்குத் தமிழில் என்ன?

தொழிற்சாலைக்கான நிலம், ஷெட், குடோன் ஆகியவற்றை விற்பவரையும் வாங்குபவரையும், வாடகைக்கு விடுபவரையும் எடுப்பவரையும் சேர்த்துவைத்து, பேச்சு முடிந்ததும் கட்டணம் வாங்கிக்கொள்ளும் தொழிலைத்தான் இண்டஸ்ட்ரியல் ரியல் எஸ்டேட் புரோக்கரேஜ் என்கிறார்கள். நம் செய்திகளில் இது பெரும்பாலும் 'ரியல் எஸ்டேட் நிறுவனம்' என்று மொட்டையாக வருகிறது. அப்படி எழுதும்போது மனை பிரித்து விற்பவர், கட்டடம் கட்டி விற்பவர், நடுவில் நின்று முடித்துத் தருபவர் எல்லோரும் ஒரே ஆளாகிவிடுகிறார்கள். மூன்றாமவரைத் தனியாகப் பிரித்துச் சொல்ல நமக்கு ஒரு சொல் வேண்டும்.

முதலில் புரோக்கர். பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த இந்தச் சொல்லுக்குச் சொற்பிறப்பியலாளர்கள் பலர் காட்டும் மூலம் வியப்பானது: மது மிடாவில் துளையிட்டுத் திறப்பவன். அதாவது மிடாவாக வாங்கி, திறந்து, சில்லறையாக ஊற்றி விற்றவன். சொல் பிறந்த காலத்தில் அவன் முழு வியாபாரி. சரக்கு அவனுடையது, லாபமும் அவனுடையது. பிறகுதான் பொருள் மெல்ல நகர்ந்து, சரக்கைத் தொடாமல் இரு தரப்புக்கும் நடுவே பேசி முடிப்பவன் என்றாயிற்று.

இந்த நகர்வு நிலத் தொழிலில் எப்படி நடந்தது என்று பார்க்க சான் பிரான்சிஸ்கோவுக்குப் போக வேண்டும். 1906 ஏப்ரல் 18 அன்று விடிகாலையில் நிலநடுக்கம். அதைத் தொடர்ந்து மூன்று நாளுக்கு மேல் தீ. ஏறத்தாழ 28,000 கட்டடங்கள் அழிந்தன, நகரத்தில் பாதிப் பேருக்கு மேல் வீடிழந்தார்கள். கையில் காசில்லாமல், தங்கள் மனைக்கு இனி என்ன விலை என்றே தெரியாமல் நின்றவர்களிடம் சில ஏஜெண்டுகள் அடிமாட்டு விலைக்கு இடத்தை வாங்கி, உடனே கூடுதல் விலைக்குக் கைமாற்றினார்கள். விற்றுத் தருகிறேன் என்று வந்தவரே வாங்கியவராகவும் இருந்தார்.

கோல்பெர்ட் கோல்ட்வெல் என்ற இளைஞருக்கு இது பொறுக்கவில்லை. அதே ஆண்டு ஆகஸ்டில் டக்கர், லின்ச் என்ற இருவரோடு சேர்ந்து ஒரு நிறுவனம் தொடங்கினார். வாடிக்கையாளரின் சொத்தை ஏஜெண்ட் தானே வாங்கி விற்று லாபம் பார்க்கக் கூடாது என்பது அவருடைய கொள்கை. கேட்க எளிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் ஊரே இடிந்து கிடக்கும்போது, கண்ணுக்கு முன்னால் கொள்ளை லாபம் இருக்கும்போது அதை வேண்டாம் என்று சொல்வது பெரிய காரியம். பெஞ்சமின் ஆர்தர் பேங்கர் 1913இல் விற்பனையாளராகச் சேர்ந்து அடுத்த ஆண்டே பங்குதாரர் ஆனார். கோல்ட்வெல் பேங்கர் என்ற பெயர் அப்படி வந்தது.

அப்புறம் நடந்தது கம்பெனிகள் கைமாறிய கதை. 1981இல் சியர்ஸ் என்ற சில்லறை வணிக நிறுவனம் கோல்ட்வெல் பேங்கரை வாங்கியது. 1989இல் வணிகக் கட்டடப் பிரிவு மட்டும் தனியே பிரிந்து விற்கப்பட்டது. 1998இல் அது, லண்டனில் 1773இல் வேர்விட்ட ரிச்சர்ட் எல்லிஸ் என்ற ரியல் எஸ்டேட் நிறுவனத்தின் பன்னாட்டுப் பிரிவோடு சேர்ந்து சிபி ரிச்சர்ட் எல்லிஸ் ஆயிற்று. இன்று உலகம் முழுக்க சிபிஆர்இ என்று அறியப்படுவது இதுதான்.

புரோக்கர் என்ற பெயரோடு ஒட்டிய கறை மட்டும் எளிதில் போகவில்லை. மினியாபோலிஸ் நகரத்து சார்லஸ் சாட்போர்ன் 1916இல் 'ரியல்டர்' என்று ஒரு புதுச்சொல்லையே உருவாக்கினார். ஏழை விதவையை ரியல் எஸ்டேட்காரர் ஏமாற்றினார் என்ற செய்தித்தாள் தலைப்புதான் அவரைத் தூண்டியதாகச் சொல்லப்படுகிறது. அந்தத் தொழில்காரர்களின் தேசியச் சங்கத்தின் ஒழுக்க விதிகளுக்குக் கட்டுப்பட்டவர்கள் மட்டும் பயன்படுத்த வேண்டிய பெயர் அது. இன்றுவரை அமெரிக்க ரியல்டர்கள் சங்கத்தின் வணிகமுத்திரையாகவே இருக்கிறது.

இதில் 'இண்டஸ்ட்ரியல்' தனிக்கிளை ஆனதற்கு இரண்டாம் உலகப்போரும் ஒரு காரணம். போர்த் தளவாட உற்பத்திக்கு ஆலைகளும் கிடங்குகளும் அவசரமாகத் தேவைப்பட்ட 1941இல்தான் அங்கே தொழிலிட ரியல்டர்களுக்கென்று தனிச் சங்கம் தோன்றியது. வீடு விற்பவருக்குத் தெரிந்த எதுவும் இங்கே பெரிதாக உதவாது. கிடங்கு தேடி வருபவர் கேட்கும் முதல் கேள்விகளில் ஒன்று, உள்ளே உத்தரத்தின் அடிவரை எத்தனை அடி உயரம் என்பது. பழைய கிடங்குகளில் 20 அடி இருந்தாலே போதும் என்றிருந்தது. இன்று 32, 36, 40 அடி கேட்கிறார்கள். ரேக்குகளை அடுக்கடுக்காக ஏற்றலாம் என்பதால் அதே தரைப்பரப்பில் கூடுதல் சரக்கு நிற்கும். தூணுக்கும் தூணுக்கும் இடைவெளி என்ன, தளம் எவ்வளவு பாரம் தாங்கும், லாரியின் பின்பக்கம் சரக்கு மேடையோடு சமமாக நிற்குமா, நீளமான கண்டெய்னர் வண்டி பின்வாங்கித் திரும்ப முற்றம் போதுமா, எவ்வளவு மின்சாரம் கிடைக்கும், அந்தச் சர்வே எண்ணில் ஆலை நடத்த அனுமதி உண்டா. இவை தெரிந்தவர்தான் இந்தத் தொழிலில் நிற்க முடியும். அவர் வாங்கும் கட்டணம் இந்த அறிவுக்கு.

டெக்சாஸ் மாநிலத்து டல்லஸில் டிராமெல் குரோ தரகுத் தொழிலின் எதிர்க்கரையில் இருந்து வந்தவர். 1948இல் ரேஓவாக் பேட்டரி கம்பெனிக்காக முதல் கிடங்கைக் கட்டினார். பிறகு அமெரிக்காவின் மிகப்பெரிய கட்டட அதிபர்களில் ஒருவரானார். அவர் தரகர் அல்ல, கட்டி வாடகைக்கு விடுபவர். அவர் தொடங்கிய நிறுவனத்தை 2006இல் சிபிஆர்இ வாங்கிக்கொண்டது. கோல்ட்வெல் போட்ட கோட்டிலிருந்து வளர்ந்த நிறுவனத்தின் குடைக்குள்ளேயே இன்று கட்டடம் கட்டும் கிளையும் இருக்கிறது. சட்டப்படி இதில் தவறேதும் இல்லை. ஆனாலும் ஒரு நிறுவனம் எந்த வேலையைச் செய்யும்போது அதற்கு என்ன பெயர் என்று பிரித்துச் சொல்லும் தேவை இதனால் கூடுகிறது என்பது என் எண்ணம்.

அடுத்து ரியல் எஸ்டேட். இதில் 'ரியல்' என்பதற்கு 'அரசருக்குரிய' என்று பொருள் சொல்லும் கதை பரவலாக உலவுகிறது, அது பிழை. 'பொருள்' என்று பொருள்படும் 'ரெஸ்' என்ற லத்தீன் வேரிலிருந்து வந்தது. உடைமையைப் பறிகொடுத்தவர் இழப்பீடு கேட்காமல் அந்தப் பொருளையே திருப்பிக் கேட்டு வழக்காடக்கூடிய சொத்து, ஆங்கிலச் சட்டத்தில் ரியல் ஆயிற்று. நிலம் அப்படிப்பட்டது. நம் பத்திரங்களில் இதற்கு ஸ்தாவரச் சொத்து, அசையாச் சொத்து என்ற சொற்கள் நெடுங்காலமாக உண்டு.

சரி, தமிழுக்கு வருவோம். புரோக்கருக்கு நேர்ச்சொல் தரகர். தொழிலுக்கும் அதன் கட்டணத்துக்கும் தரகு. பழமையான சொல். சோழர் செப்பேடுகளில் ஊர்மேல் விழும் வரிகளை அடுக்கும் இடத்தில் 'தறிப்புடவை, தரகு, தட்டாரப்பாட்டம், இடைப்பாட்டம்' என்று வருகிறது. தறிக்கும் தட்டாருக்கும் இடையருக்கும் வரி இருந்ததுபோல் தரகுக்கும் இருந்தது, அதாவது ஊரறிய நடந்த, அரசு கணக்கில் வைத்த தொழில். கேரளத்தில் தரகன் என்பது வணிகக் குடும்பங்கள் பெருமையோடு சுமந்த பட்டப்பெயர். மும்பைப் பங்குச்சந்தை இருக்கும் தெருவுக்கு தலால் தெரு என்று பெயர். அரபு வழி வந்த தலாலுக்கும் தரகர் என்றுதான் பொருள். இப்படி நிமிர்ந்து நின்ற சொல்லை இன்று வசைச்சொல்போல ஒதுக்கிவிட்டு 'கன்சல்டன்ட்' என்று அட்டை அடித்துக்கொள்வது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

முகவர் என்று எழுதலாமே என்று கேட்கலாம். முகவர் ஒரு தரப்பின் சார்பாகச் செயல்படுபவர். ஏஜெண்ட் என்பதற்குச் சரியான சொல். 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டமும் நடுவில் நின்று முடித்துத் தருபவரை ஏஜெண்ட் என்ற பெயரில்தான் பதிவு செய்யச் சொல்கிறது. அந்தச் சட்டத்தைப் பற்றி எழுதும்போது முகவர் பொருந்தும். இரு தரப்பையும் இணைத்துப் பேசி முடிக்கும் தொழிலைச் சொல்லும்போது தரகர்தான் பொருந்தும்.

மனைத் தரகு என்பதிலும் எனக்குத் தயக்கம் உண்டு. மனை என்றால் நமக்கு வீடும் வீட்டுக்கான இடமும். இரும்புக்கூரை போட்ட ஆலைக் கொட்டகையையோ, சரக்குக் கிடங்கையோ மனை என்று யாரும் சொல்வதில்லை. இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டுக்குத் தொழிற்பேட்டை என்று அழகான சொல் நிலைத்துவிட்டது. 1958இல் அமைந்த கிண்டிப் பேட்டையைத் தெரியாதவர் இல்லை. ஆனால் பேட்டை ஒரு வளாகத்தைத்தான் குறிக்கும், தனி ஷெட்டைக் குறிக்காது. நிலம், ஆலை, கிடங்கு மூன்றையும் அடக்கும் சொல்லாகத் 'தொழிலிடம்' என்பதை முன்வைக்கிறேன். குடோனைத் தமிழில் எழுதத் தயங்கவே வேண்டாம்: மலாய் வழியாக ஆங்கிலத்துக்குப் போன அந்தச் சொல்லின் மூலமே நம் கிடங்கோ தெலுங்கில் உள்ள அதன் உறவுச்சொல்லோதான் என்று பலர் கருதுகிறார்கள்.

ஆக இண்டஸ்ட்ரியல் ரியல் எஸ்டேட் புரோக்கரேஜ் தொழிலிடத் தரகு. அதைச் செய்யும் கம்பெனி தொழிலிடத் தரகு நிறுவனம். புரோக்கரேஜ் ஃபீ தரகுக் கட்டணம். வாடகைக்கு மட்டும் முடித்துத் தருவது வாடகைத் தரகு. கட்டி விற்பவரையும் மனை பிரிப்பவரையும் இந்தப் பெயரால் அழைக்க வேண்டாம். அவர்களுக்குக் கட்டுமான நிறுவனம், மனை விற்பனையாளர் என்ற பெயர்கள் ஏற்கெனவே இருக்கின்றன.