புஷ்கிராஃப்ட்: தமிழில் காட்டுவல்லமை

ஒரு கத்தி, ஒரு தூக்குவாளி, தீ மூட்ட ஏதாவது ஒன்று, போர்த்திக்கொள்ள ஒரு துணி. இவ்வளவோடு காட்டுக்குப் போய், மற்ற தேவைகளை அங்கே கிடைப்பதை வைத்தே முடித்துக்கொள்ளும் திறமைக்கு ஆங்கிலத்தில் புஷ்கிராஃப்ட் என்று பெயர். குளிர்நாட்டுக்காரர்கள் பனிக்கட்டியைத் துளைத்து மீன் பிடிப்பதையும், ஊசியிலை மரக்கிளைகளைப் பரப்பிப் படுப்பதையும் காணொளியில் பார்த்துவிட்டு, மதுரைப் பிள்ளைகளும் இப்போது இந்தச் சொல்லை அப்படியே சொல்கிறார்கள். "இந்த லீவுக்கு அழகர்மலைப் பக்கம் புஷ்கிராஃப்ட் போறோம்ணே" என்கிற பேச்சு காதில் விழுகிறது. சரி, போகட்டும். ஆனால் இதற்குத் தமிழ் தேடுகிறவர்களுக்கு இணையத்தில் கிடைப்பது 'புதர்க் கைவினை'. இந்த மொழிபெயர்ப்பு இரண்டு பாதியிலும் தவறு.

முதல் பாதியைப் பார்ப்போம். புஷ் என்பதற்குப் புதர் என்று பொருள் உண்டுதான். இங்கே அந்தப் பொருள் இல்லை. தென்னாப்பிரிக்காவில் குடியேறிய டச்சுக்காரர்கள் காட்டுக்குச் சொன்ன 'போஸ்' என்ற சொல்லின் தாக்கத்தில்தான், வெட்டித் திருத்தாத நிலம் முழுவதையும் புஷ் என்று அழைக்கும் வழக்கம் ஆங்கிலக் குடியேற்ற நாடுகளில் பரவியது என்று சொல்லாய்வாளர்கள் கருதுகிறார்கள். ஆஸ்திரேலியாவில் அது இன்னும் விரிந்தது. அங்கே ஊரைத் தாண்டிய வெளி எல்லாமே புஷ்தான். புஷ்கிராஃப்ட் என்ற கூட்டுச்சொல் 19ஆம் நூற்றாண்டில் புழக்கத்துக்கு வந்தது. இரண்டாம் உலகப் போரின்போது ஆஸ்திரேலியப் படையினருக்குக் காட்டில் தாக்குப்பிடிக்கக் கற்றுக்கொடுத்த ரிச்சர்ட் கிரேவ்ஸ், 1950களில் இந்த வித்தையைச் சிறு கைநூல்களாக எழுதினார். கனடாவில் மோர்ஸ் கொச்சான்ஸ்கி அதைப் பனிக்காட்டுக்கு ஏற்பக் கற்பித்தார். 1990களில் பிரிட்டிஷ் தொலைக்காட்சியில் ரே மியர்ஸ் செய்த நிகழ்ச்சிகள் வழியாக அது வீட்டு வரவேற்பறை வரைக்கும் வந்துவிட்டது.

இந்த 'ஊரைத் தாண்டிய வெளி' என்ற பொருளுக்கு மதுரைத் தமிழில் சொல் தேட வேண்டியதே இல்லை. "அப்பா எங்க?" என்று கேட்டால் "காட்டுக்குப் போயிருக்காரு" என்பார்கள். அவர் புலி திரியும் வனத்துக்குப் போகவில்லை, கம்மங்காட்டுக்கோ பருத்திக்காட்டுக்கோ போயிருப்பார். 'காடுகரை' என்று சேர்த்துச் சொன்னால் மேடு பள்ளம், வரப்பு, ஓடை, கண்மாய்க்கரை எல்லாம் அதற்குள் அடக்கம். மரம் அடர்ந்த இடமும் காடு, மானாவாரி நிலமும் காடு. புஷ் என்ற சொல் ஆஸ்திரேலியாவில் போய்ச் சேர்ந்த இடத்தில் நம் காடு எப்போதோ உட்கார்ந்திருக்கிறது. 'வனம்' வடசொல் என்பது ஒருபுறம் இருக்கட்டும், இந்த அகலம் அதற்குக் கிடையாது. அதனால்தான் 'வனக்கலை' எனக்கு ஒப்பவில்லை.

அடுத்த பாதி கிராஃப்ட். கைவினை என்றால் கூடை முடைவதும் பொம்மை செய்வதும்தான் நினைவுக்கு வரும். பழைய ஆங்கிலத்தில் இச்சொல்லுக்கு முதற்பொருள் வலிமை. ஜெர்மன் மொழியில் 'கிராஃப்ட்' இன்றைக்கும் வலிமையையே குறிக்கிறது. ஆங்கிலத்தில் மட்டும் வலிமை மெல்ல மெல்லத் திறமையாகி, பிறகு தொழிலாகியது. தமிழில் 'வல்' என்ற அடியும் இதே வழியில்தான் நடந்திருக்கிறது. வல் என்றால் வலிமை. அதிலிருந்து வல்லவன், வல்லமை, வல்லுநர் என்று வரும்போது உடல் பலம் பின்னால் போய்த் திறமை முன்னால் வந்துவிடுகிறது. ஆகவே நான் முன்வைக்கும் சொல் காட்டுவல்லமை. 'காட்டறிவு' என்று சிலர் சொல்கிறார்கள். நல்ல சொல்தான், ஆனால் அதில் கை இல்லை. முடிச்சுப் போடத் தெரிந்த விரலையும் அந்தச் சொல் காட்ட வேண்டும்.

பழைய நூலிலிருந்தே எடுக்க வேண்டும் என்பவர்களுக்கு 'கானுறை வாழ்க்கை' இருக்கிறது. புறநானூற்றின் 33ஆம் பாட்டில் வேட்டுவனைக் குறிக்க வரும் தொடர் அது. அழகானது. ஆனால் அது காட்டிலேயே குடியிருப்பவரின் வாழ்க்கை. சிறுமலையிலும் வருசநாட்டு மலையிலும் பளியர் பழங்குடியினர் வாழ்ந்துவரும் வாழ்க்கைக்கு அது பொருந்தும். இரண்டு நாள் போய் வருகிறவர் அந்தப் பெயரை எடுத்துக்கொள்வது முறையல்ல. பளியர்களுக்குக் கிழங்கும் தேனும் பொழுதுபோக்கு அல்ல. சிறுவன விளைபொருள்களைச் சேகரிப்பது 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் அவர்களுக்கு ஒப்புக்கொண்ட உரிமை.

புஷ்கிராஃப்டைச் சுற்றி இன்னும் நாலைந்து சொற்கள் வரும். மினிமல் கியர் என்கிறார்கள். மூட்டைமுடிச்சு இல்லாமல் போவது, அவ்வளவுதான். ஆஸ்திரேலியக் காட்டுவாசி தேநீர் கொதிக்க வைக்கும் 'பில்லி' என்ற பாத்திரத்தைப் பெரிய சங்கதியாகச் சொல்வார்கள். கம்பிப் பிடியும் மூடியும் உள்ள டப்பா அது. நம் வீட்டுத் தூக்குவாளியேதான்.

இம்ப்ரவைஸ் என்ற சொல்லுக்கு நம்மிடம் 'ஒப்பேற்றுதல்' இருக்கிறது. கயிறு இல்லையா, கற்றாழை நாரை வைத்து ஒப்பேற்று. பாய் இல்லையா, காய்ந்த பனையோலையைப் போட்டு ஒப்பேற்று. அரைகுறையாகச் செய்வது என்று இதற்கு ஓர் ஏளனப் பொருள் சேர்ந்துவிட்டது. ஆனால் குறைந்த பொருளில் காரியத்தை முடிப்பவரின் கெட்டிக்காரத்தனமும் அதே சொல்லில்தான் இருக்கிறது.

வின்டர் என்ற சொல்லில்தான் கவனம் வேண்டும். குளிர்நாட்டுப் பனிக்காட்டில் குளிர்காலம் என்றால் உறைநிலைக்குக் கீழே 20, 30 டிகிரி. மதுரையில் மார்கழி விடியற்காலையில் 20 டிகிரியை ஒட்டி இருக்கும். நமக்கு மார்கழியும் தையும் முன்பனிக் காலம். அந்தப் பனி வெண்பனி அல்ல, புல் நுனியில் நிற்கும் நீர்ப்பனி. அதனால் இங்கே எதிரி குளிர் அல்ல, ஈரம். தரையில் கிடக்கும் சுள்ளி எல்லாம் ஊறிப்போயிருக்கும். மரத்திலேயே காய்ந்து தொங்கும் கிளையை ஒடிக்க வேண்டும். வளையாமல் படக்கென்று முறிந்தால் அது விறகு. அதுவும் மேலே நனைந்திருந்தால், பிளந்து உள்வயிரத்தை மெல்லிய சீவல்களாகச் சீவ வேண்டும். குளிர்நாட்டில் பிர்ச் மரப்பட்டை செய்யும் வேலையை இங்கே தென்னம் பன்னாடை செய்யும். கசக்கிப் பஞ்சாக்கினால் ஒரு பொறி போதும்.

பொறியை உண்டாக்குவதற்கு அவர்கள் உரசும் கம்பி வைத்திருக்கிறார்கள். அதன் உலோகக் கலவை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆஸ்திரியாவின் கார்ல் ஆவர் உருவாக்கியது. நம்மிடம் சக்கிமுக்கிக் கல் இருந்தது. அதற்கும் முந்தியது தீக்கடைகோல். மோரைக் கடைவதற்கும் தீயைக் கடைவதற்கும் தமிழில் ஒரே வினைதான். கீழ்க்கட்டையில் சிறு குழி, குழியின் ஓரத்தில் ஒரு வெட்டு. கோலைக் குழியில் நிறுத்திக் கயிற்றால் கடையும்போது கரிய தூள் அந்த வெட்டில் சேரும். முதலில் புகை வரும், அப்புறம் தூளின் நடுவில் சிவப்பாய் ஒரு கண் திறக்கும். அதைப் பன்னாடையில் கொட்டி மெதுவாக ஊத வேண்டும், அவசரப்பட்டு ஊதினால் சிதறிவிடும். சங்கத் தமிழில் இதற்கு ஞெலிகோல் என்று பெயர். அதியமானைப் பாடும் ஔவை, வீட்டுக் கூரையில் செருகி வைத்த ஞெலிகோல் போல அவன் வெளியே தெரியாமல் இருக்கவும் வல்லன் என்கிறார். புறநானூறு 315. தீ மூட்டும் கருவி அன்றைக்கு எந்த இடத்தில் இருக்கும் என்பது வரைக்கும் அந்த அடி சொல்லிவிடுகிறது. 'வல்லன்' என்ற சொல்லையும் பாருங்கள்.

ஃபோரேஜிங் என்ற சொல் பிறந்தது குதிரைத் தீவனத்தில். படைக்குதிரைகளுக்குப் புல்லும் தானியமும் திரட்டுவதைக் குறித்தது, பிறகு மனிதர் காட்டில் உணவு தேடுவதற்கும் ஆகிவந்தது. தமிழில் இதற்கு ஒற்றைப் பெயர் வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்க வேண்டியதில்லை. கீரையைப் பறிப்போம், கிழங்கை அகழ்வோம், தேனை அழிப்போம், பழத்தை உலுக்குவோம், விழுந்ததைப் பொறுக்குவோம். செய்யும் வேலைக்குத் தக்க வினை இருக்கிறது. பொதுப்பெயர் தேவைப்பட்டால் கபிலரிடம் போகலாம். பாரியின் பறம்பு மலையில் 'உழவர் உழாதன' நான்கு கிடைக்கும் என்று அவர் அடுக்குகிறார்: மூங்கில் நெல், பலாப்பழம், வள்ளிக்கிழங்கு, தேன். அந்தப் பறம்புதான் சிங்கம்புணரிக்குப் பக்கத்துப் பிரான்மலை என்பது வழிவழியான கருத்து. மேலூரிலிருந்து தொலைவே இல்லை. 'உழாத உணவு' என்பதைவிட நல்ல பெயர் ஃபோரேஜிங்கில் கிடைப்பதற்கு எனக்குத் தோன்றவில்லை.

மார்கழி, தையில் நம் பக்கத்து உழாத உணவு நிறைய. திருமங்கலத்துக் கரிசலில் அதலைக்காய் இருக்கும். யாரும் விதைப்பதில்லை. மண்ணுக்குள் கிடக்கும் கிழங்கிலிருந்து ஐப்பசி மழைக்குத் தானே கொடி ஓடிக் காய்க்கும். பாகலைவிடச் சின்னது, கசப்பில் பாகலுக்குச் சளைத்தது அல்ல. வேலியில் முடக்கத்தான், தூதுவளை, கோவை, பிரண்டை. ஈரக்கரையில் பொன்னாங்கண்ணி. மேட்டில் இலந்தை பழுக்கத் தொடங்கியிருக்கும். கொட்டிக்கிழங்கு மட்டும் இப்போது கிடைக்காது, கண்மாய் வற்றிய பிறகுதான் தோண்ட முடியும்.

கிழங்கில் கை வைப்பதற்கு முன் ஒன்று தெரிந்திருக்க வேண்டும். பனிக்காலத்தில் காட்டு வள்ளியின் கொடியும் வாடிவிடும், கண்வலிக்கிழங்கின் கொடியும் வாடிவிடும். கண்வலிக்கிழங்கு என்பது நம் மாநிலப் பூவான செங்காந்தளின் கிழங்கு. கால்சிசின் என்ற நஞ்சு நிறைந்தது, தின்றால் உயிர் போகும். பச்சையாக இருக்கும்போது இலை நுனி சுருண்டு பற்றுக்கம்பியாகப் பிடிப்பதை வைத்துக் கண்டுகொள்ளலாம். தோண்டிப் பார்த்தால் கலப்பை வடிவில் கவைத்திருக்கும், கலப்பைக் கிழங்கு என்ற பெயரே அதனால் வந்ததுதான். கொடி காய்ந்து உதிர்ந்த இடத்தில், கூடவே தெரிந்தவர் இல்லாமல், எந்தக் கிழங்கையும் தின்னாதீர்கள். ஆரஞ்சு நிறத்தில் உருண்டையாகக் கண்ணைப் பறிக்கும் எட்டிப்பழமும் அப்படித்தான். அதற்குள் ஸ்டிரிக்னின். காளானுக்கும் இதே எச்சரிக்கை.

இனி மீன். தூண்டில் என்ற சொல் 'தூண்டு' என்ற வினையிலிருந்து வருவது. இரையைக் காட்டித் தூண்டுவது தூண்டில். குறுந்தொகையின் 54ஆம் பாட்டில் ஓர் அருமையான காட்சி: காட்டு யானை வளைத்துப் பிடித்த பச்சை மூங்கில், கவண் ஓசைக்கு அஞ்சி அது விட்டதும், மீன் பிடித்த தூண்டில் போல விருட்டென்று மேலே எழும்புகிறது. எழுதியவர் பெயர் தெரியாததால் அந்த உவமையையே வைத்து மீனெறி தூண்டிலார் என்று அழைத்துவிட்டார்கள். மூங்கில் கழியும் தூண்டிலும் கானகமும் ஒரே பாட்டில்.

கடையில் வாங்கிய முள்ளும் நரம்பும் இல்லாமல் ஒப்பேற்றும் தூண்டிலுக்குப் பல வழி உண்டு. நம் ஊர்ப் பையன்கள் ஊக்கை நிமிர்த்தி வளைப்பார்கள், தேய்ந்த ரப்பர் செருப்பில் ஒரு துண்டு அறுத்துத் தக்கை ஆக்குவார்கள். சோளத்தட்டையின் உள்தண்டும் மிதக்கும். இன்னும் பழைய முறை ஒன்று உலகம் முழுக்க இருக்கிறது. விரல் கணு நீளத்துக் குச்சியை இரண்டு முனையும் கூராகச் சீவி, நடுவில் ஒரு பள்ளம் கீறி, அந்தப் பள்ளத்தில் நாரைக் கட்டுவது. கருவேல முள்ளிலும் செய்யலாம். நாரோடு சேர்த்து நீளவாக்கில் படுக்கவைத்து மண்புழுவைக் கோத்தால் முள் தெரியாது. மீன் விழுங்கிய பின் சுண்டினால் குறுக்கே திரும்பித் தொண்டையில் நின்றுகொள்ளும். விராலும் கெளுத்தியும் இரையை முழுசாக விழுங்கும், அதனால் அவற்றுக்கு இது பொருந்தும். கொத்திக் கொத்தித் தின்னும் கெண்டைக்கு உதவாது. கெளுத்தியைக் கழற்றும்போது செவுளை ஒட்டிய இரண்டு பக்க முள்ளையும் முதுகு முள்ளையும் விட்டுப் பிடிக்க வேண்டும், குத்தினால் நெடுநேரம் கடுக்கும். வாய்க்காலில் எதிர்நீச்சல் போடும் அயிரைக்குத் தூண்டிலே வேண்டாம். இரண்டு பேர் துண்டை விரித்துப் பிடித்தால் போதும்.

ஒன்று சொல்ல வேண்டும். கண்மாய் மீன் யாருக்கும் சொந்தமில்லாதது அல்ல. மீன்பாசி குத்தகை என்று ஒன்று இருக்கிறது. ஏலம் எடுத்தவரிடமோ ஊர்ப் பெரியவர்களிடமோ கேட்டுவிட்டுத்தான் நீரில் நாரை வீச வேண்டும். கோடையில் நீர் வற்றும்போது ஊரே ஊத்தாவோடும் கச்சாவோடும் இறங்கும் மீன்பிடித் திருவிழா வேறு, அது பொது. அழகர்மலை காப்புக்காடு. அனுமதி இல்லாமல் நுழைவதும் தீ மூட்டுவதும் குற்றம். குரங்கணியில் 2018 மார்ச்சில் மலையேறப் போனவர்களில் 20 பேருக்கும் மேல் காட்டுத்தீயில் இறந்ததை இந்தப் பக்கம் யாரும் மறக்கவில்லை. 2022இல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட அரிட்டாபட்டி மலையும் பார்த்துவிட்டு வரும் இடம், பறித்துக்கொண்டு வரும் இடம் அல்ல. சொந்தக்காரர் பட்டா நிலம், தென்னந்தோப்பு, கேட்டு வாங்கிய கண்மாய்க்கரை, இவை போதும். காடு என்ற சொல்லின் அகலம் இங்கே கைகொடுக்கிறது.

சொல்லைப் பயன்படுத்தும் விதம்: காட்டுவல்லமை பெயர்ச்சொல், அதில் தேர்ந்தவர் காட்டுவல்லார். "தை விடுமுறையில் தோப்பில் இரண்டு நாள் காட்டுவல்லமைப் பயிற்சி." "அவர் நல்ல காட்டுவல்லார், ஈர விறகிலும் தீ மூட்டிவிடுவார்." சர்வைவல் என்பதோடு இதைக் குழப்ப வேண்டாம். அது வழி தவறியவர் உயிர் தப்புவது, 'உயிர்பிழைத்தல்' என்றே சொல்லலாம். ட்ரெக்கிங் மலையேற்றம். வீட்டிலிருந்து அரிசி பருப்பு கொண்டுபோய் மரத்தடியில் ஆக்கித் தின்பதற்குக் கூட்டாஞ்சோறு என்ற பெயர் ஏற்கெனவே இருக்கிறது.