சர்க்கரை நோயுள்ள பூனை சாப்பிட மறுத்தால்

குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் பக்கம் வளரும் பூனைகளுக்கு மீன் பஞ்சமில்லை. சாளை வேகும் வாசனை வந்தாலே காலைச் சுற்றிச் சுற்றி வரும். அப்படிப்பட்ட பூனை ஒருநாள் தட்டுக்கு வந்து, முகர்ந்து பார்த்து, உதட்டை நக்கிவிட்டு, வாய் வைக்காமலே திரும்பிப் போகிறது. "மீன் பழசு போல, நாளைக்குத் தின்னும்" என்று நாமும் விட்டுவிடுகிறோம். அந்தப் பூனைக்குச் சர்க்கரை நோயோ தைராய்டு கோளாறோ இருந்தால் நாளை வரை விடக்கூடாது. பூனைகளில் கணைய அழற்சி பெரும்பாலும் இப்படிச் சத்தமில்லாமல்தான் தொடங்குகிறது.

கணையம் இரைப்பையையும் சிறுகுடலின் தொடக்கத்தையும் ஒட்டிக் கிடக்கும் மெல்லிய உறுப்பு. அதற்கு வேலை இரண்டு. அதன் பெரும்பகுதி செரிமான நொதிகளைச் சுரந்து குழாய் வழியாகக் குடலுக்கு அனுப்புகிறது. நடுநடுவே சின்னச் சின்னத் திட்டுகளாக இருக்கும் செல்கள் இன்சுலினை நேராக ரத்தத்தில் விடுகின்றன. 1869-ல் இந்தத் திட்டுகளை முதலில் விவரித்தவர் பால் லாங்கர்ஹான்ஸ். அவர் பெயரில்தான் இன்றும் அவை அழைக்கப்படுகின்றன.

இறைச்சி வேகாவிட்டால் குழம்பில் பப்பாளிக்காய்த் துண்டு ஒன்று போடுவோம் அல்லவா? அதிலுள்ள நொதி புரதத்தை உடைத்துக் கறியை மிருதுவாக்கிவிடும். கணையத்தின் டிரிப்சின் என்ற நொதி செய்வதும் அதைத்தான். ஆனால் கணையமும் புரதத்தால் ஆனதுதானே! அதனால் அது டிரிப்சினை வேலை செய்யாத வடிவத்தில்தான் தயாரிக்கிறது. குடலுக்குப் போய்ச் சேர்ந்த பிறகு அங்குள்ள இன்னொரு நொதி அதைத் தூண்டிவிடும். ஏதோ காரணத்தால் இந்தத் தூண்டல் கணையத்துக்குள்ளேயே நடந்துவிட்டால், உறுப்பு தன்னைத்தானே செரிக்க ஆரம்பிக்கும். வீக்கம், வலி எல்லாம் அதைத் தொடர்ந்து வருபவை.

பூனையின் உடலமைப்பில் இன்னொரு சிக்கலும் உண்டு. கணையக் குழாயும் பித்தக் குழாயும் ஒன்றாகச் சேர்ந்து, ஒரே வாசல் வழியாகக் குடலில் திறக்கின்றன. அதனால் குடல், பித்தக் குழாய், கணையம் மூன்றிலும் ஒரே நேரத்தில் அழற்சி இருப்பது பூனைகளில் அபூர்வமல்ல. கண்ணின் வெள்ளையிலும் ஈறிலும் மஞ்சள் தெரிந்தால் நோய் ஈரல் பக்கமும் எட்டியிருக்கலாம்.

சர்க்கரை நோய்க்கும் இதற்கும் உள்ள உறவு இருவழியானது. அழற்சி நீண்டுபோனால் இன்சுலின் சுரக்கும் செல்கள் அழிந்து சர்க்கரை நோய் வரலாம். ஏற்கெனவே நோயுள்ள பூனைக்கு அழற்சி வந்தால், உடல் இன்சுலினுக்குச் சரியாகக் கட்டுப்படாது. நேற்றுவரை போதுமாக இருந்த அளவு இன்று போதாது. அழற்சி தணிந்ததும் அதே அளவு மிகையாகிவிடும். காரணம் புரியாமல் சர்க்கரை ஏறி இறங்கிக்கொண்டே இருந்தால் கணையத்தைச் சந்தேகிக்க வேண்டும். இன்சுலின் போதாத பூனை கொழுப்பை எரித்துப் பிழைக்கப் பார்க்கும். அப்போது உண்டாகும் கீட்டோன்கள் ரத்தத்தை அமிலமாக்கும். அது உயிருக்கே ஆபத்து. சிறுநீரில் கீட்டோன் பார்க்கும் பட்டைகள் மருந்துக்கடையில் கிடைக்கும். இன்சுலின் போடும் வீட்டில் ஒரு டப்பா இருக்கட்டும்.

அறிகுறிகள் விஷயத்தில் நாயைப் பார்த்த கண்ணால் பூனையைப் பார்க்கக்கூடாது. நாய் ஓயாமல் வாந்தி எடுக்கும். பூனைகளில் பல வாந்தியே எடுப்பதில்லை. வயிற்றைத் தொட்டாலும் வலியைக் காட்டாது. கட்டிலுக்கு அடியிலோ பீரோ சந்திலோ போய், நான்கு காலையும் உடம்புக்கு அடியில் மடக்கி, முதுகைக் கூனி, தலையைத் தாழ்த்தி உட்கார்ந்திருக்கும். கண் பாதி மூடியிருக்கும். கூப்பிட்டால் காது திரும்பும், உடம்பு அசையாது. ரோமத்தை நக்கிச் சுத்தம் செய்வதை நிறுத்திவிடும். உடம்பு சில்லென்று இருந்தால் நிலைமை மோசம் என்று அர்த்தம்.

தைராய்டு மிகையாகச் சுரக்கும் வயதான பூனையிடம் இது இன்னும் குழப்பும். அந்த நோயில் பசி அதிகம், ஆனாலும் உடம்பு இளைக்கும், அவ்வப்போது வாந்தியும் வரும். அதற்குக் கொடுக்கும் மெத்திமசோல் மாத்திரையும் சில பூனைகளுக்கு வாந்தியையும் பசியின்மையையும் உண்டாக்கும். எப்போதும் பசியோடு திரியும் பூனை திடீரென்று தட்டை ஒதுக்கினால், மாத்திரையா கணையமா என்பதை மருத்துவர்தான் பிரித்துச் சொல்ல முடியும்.

பரிசோதனையில், ரத்தத்தில் வழக்கமாகப் பார்க்கும் அமைலேஸ், லைப்பேஸ் என்ற செரிமான நொதிகளின் அளவுகள் பூனைக்கு அவ்வளவாக உதவாது. பூனையின் கணைய லைப்பேஸை மட்டும் அளக்கும் தனிப் பரிசோதனை உண்டு. அதோடு வயிற்று ஸ்கேனையும் சேர்த்துப் பார்த்தே முடிவு செய்வார்கள். இந்த வசதி எல்லா இடத்திலும் இருக்காது. திருநெல்வேலி ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குப் போகச் சொன்னாலும், கிளம்புவதற்கு முன் பக்கத்திலுள்ள மருத்துவரிடம் டிரிப்பும் வலி மருந்தும் போட்டுவிட்டுப் போவது நல்லது.

அடுத்த கேள்வி, சாப்பிடாத பூனைக்கு இன்சுலின் போடலாமா? வழக்கமான முழு அளவைப் போட்டால் சர்க்கரை அடியோடு இறங்கிவிடலாம். பயந்துபோய் அடியோடு நிறுத்தினால் கீட்டோன் ஏறலாம். காது ஓரத்தில் ஒரு துளி ரத்தம் எடுத்துச் சர்க்கரையைப் பார்த்து, உடனே மருத்துவருக்குப் போன் செய்து, அவர் சொல்லும் அளவைப் போடுங்கள். மனிதருக்கான கருவி பூனையின் சர்க்கரையைப் பெரும்பாலும் சற்றுக் குறைத்தே காட்டும். அதையும் அவரிடம் சொல்லுங்கள்.

ஊசியையும் கவனிக்க வேண்டும். நம் ஊர்க் கடைகளில் சிவப்பு மூடி போட்ட (ஒரு மில்லிக்கு) 40 யூனிட் ஊசியும், ஆரஞ்சு மூடி போட்ட 100 யூனிட் ஊசியும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். கிளார்ஜின் போன்ற 100 யூனிட் இன்சுலின் மருந்தைச் சிவப்பு மூடி ஊசியில் 1 என்ற கோடு வரை இழுத்தால், உள்ளே போவது 2.5 யூனிட். 4 கிலோ பூனைக்கு இது சின்ன வித்தியாசமல்ல.

சிகிச்சை என்பது திரவம், வலி நிவாரணம், வாந்தித் தடுப்பு, உணவு. கணையத்துக்கு ஓய்வு கொடுக்கிறோம் என்று பட்டினி போடுவது பழைய முறை. பூனை சில நாள் பட்டினி கிடந்தாலே, அதுவும் குண்டுப் பூனையென்றால், ஈரலில் கொழுப்பு சேர்ந்து ஈரல் செயலிழக்கலாம். பசியைத் தூண்டும் மாத்திரை வேலை செய்யாவிட்டால் குழாய் வழியாக ஊட்டவும் தயங்கக்கூடாது. ஸ்டீராய்டு தேவைப்படுமானால் சர்க்கரையை அது ஏற்றும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். வலிக்கிறதே என்று வீட்டிலிருக்கும் பாராசிட்டமாலைக் கொடுத்துவிடாதீர்கள்; பூனையின் ஈரலால் அதை முறிக்க முடியாது, ஒரே மாத்திரை கொன்றுவிடும்.

சாளையின் எண்ணெய்தான் காரணமோ என்று பலர் கேட்கிறார்கள். கொழுப்பு உணவு நாய்க்குத் தூண்டுதலாவது உண்டு. பூனையில் அதற்குச் சரியான ஆதாரம் இல்லை, பெரும்பாலான பூனைகளில் காரணமே பிடிபடுவதில்லை. சர்க்கரை நோயுள்ள பூனைக்கு உண்மையில் குறைக்க வேண்டியது சோறு. உள்ளியும் (வெங்காயம்) பூண்டும் சேர்ந்த மீன் குழம்பு வேண்டவே வேண்டாம். அவை பூனையின் சிவப்பணுக்களைச் சிதைக்கும். வெறும் மீன் மட்டும் தினமும் கொடுத்தாலும் சத்து நிறையாது. மருத்துவரைக் கேட்டு, மாவுச்சத்து குறைந்த முழுமையான உணவுக்கு மெல்ல மாற்றுங்கள்.

குணமாகி வீடு வந்த பிறகு முதல் சில வாரம் சர்க்கரையை அடிக்கடி பாருங்கள். அழற்சி அடங்க அடங்க இன்சுலின் தேவை குறையும். சில பூனைகளுக்குத் தேவையே இல்லாமலும் போகும். பூனை தள்ளாடினாலோ, உடல் நடுங்கினாலோ, கூப்பிட்டால் விழிக்காவிட்டாலோ ஈறில் கொஞ்சம் தேனைத் தடவிவிட்டு, அந்த நேரமே மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போங்கள்.